நிரல்மொழியின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு ஸ்னாப்ஷாட் டெஸ்ட்: ஆட்டோ கட்டணத்தை வைத்து ஒரு செய்முறை

சொந்தமாக ஒரு குட்டி நிரல்மொழி எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். லெக்ஸர், பார்சர், பைட்கோட் கம்பைலர், அதை ஓட்ட ஒரு விர்ச்சுவல் மெஷின் எல்லாம் இருக்கிறது. இவையெல்லாம் என்ன என்று இங்கே விளக்கப் போவதில்லை. நேற்று சரியாக ஓடிய நிரல் இன்று தப்பான விடை தருகிறது, நாலு கட்டத்தில் எது உதைக்கிறது என்று தெரியவில்லை என்பவர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

என் மொழியைப் பைதானில் எழுதினேன், சொற்கள் தமிழில். எழில் மாதிரி முழுமையான தமிழ் நிரல்மொழி ஏற்கெனவே இருக்கிறது. என்னுடையது கற்றுக்கொள்வதற்காக எழுதியது, அவ்வளவுதான். நீங்கள் ரஸ்டிலோ கோ மொழியிலோ எழுதினாலும் கீழே சொல்வதில் பெரிதாக எதுவும் மாறாது.

எடுத்துக்காட்டுக்கு ஆட்டோ கட்டணம். 2013-ல் தமிழக அரசு நிர்ணயித்தபடி முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். (சென்னையில் அந்த ரேட்டுக்கு வந்த ஆட்டோ எத்தனை என்று கேட்காதீர்கள், நமக்குக் கணக்குதான் முக்கியம்.)

வை தூரம் = 5
காட்டு 25 + (தூரம் - 1.8) * 12

இதை ஓட்டினால் 63.4 வரும் என்று நினைப்பீர்கள். வருவது 63.400000000000006. 3.2-ஐ 12-ஆல் பெருக்கும்போது இரும எண் கணக்கில் ஒட்டிக்கொள்கிற எச்சம் அது. இப்போதைக்கு இருக்கட்டும், பிறகு இதற்கு வேலை இருக்கிறது.

ஸ்னாப்ஷாட் டெஸ்ட் என்பது எளிமையான விஷயம். வந்த வெளியீட்டை ஒரு ஃபைலில் எழுதி வைக்கிறோம். அடுத்த முறை ஓட்டும்போது வேறு மாதிரி வந்தால் டெஸ்ட் ஃபெயில். மாற்றம் தப்பு என்றால் கோடைத் திருத்துகிறோம், சரி என்றால் புது வெளியீட்டை ஏற்றுக்கொள்கிறோம். வெப் பக்கம் இருப்பவர்களுக்கு 2016-ல் ஜெஸ்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் டெஸ்ட் கருவி வழியாக இந்தப் பெயர் பழக்கமானது. கம்பைலர் எழுதுகிறவர்கள் அதற்கு வெகு முன்பிருந்தே இதைச் செய்கிறார்கள். ரஸ்ட் கம்பைலரின் சொந்த டெஸ்டுகளிலும் ஒவ்வொரு சோதனை நிரலுக்குப் பக்கத்திலேயே எதிர்பார்க்கும் பிழைச் செய்தி தனி ஃபைலாக இருக்கும்.

பெரும்பாலானவர்கள் கடைசி வெளியீட்டை மட்டும் சேமிக்கிறார்கள். அது போதாது. 63 வர வேண்டிய இடத்தில் 338 ரூபாய்ச் சொச்சம் வந்தால் ஏதோ கெட்டுவிட்டது என்று மட்டும் தெரியும் (மழை நாளில் அதைத்தான் கேட்பார்கள் என்பது வேறு கதை). எங்கே கெட்டது என்று தெரிய ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாகப் பதிவாக வேண்டும்.

படி 1: ஒவ்வொரு கட்டத்துக்கும் காட்டும் ஃபங்ஷன் எழுதுங்கள்

உள்ளே இருக்கும் ஆப்ஜெக்டை அப்படியே டிபக் பிரின்ட் செய்து சேமிக்காதீர்கள். பைதானில் சும்மா பிரின்ட் செய்தால் மெமரி முகவரியும் சேர்ந்து வரும், ஒவ்வொரு முறையும் அது மாறும். ரஸ்டில் டிபக் பிரின்ட் ஒழுங்காக வரும், ஆனால் இரண்டு வரி நிரலுக்கு ஒரு பக்கம் நீளும். அந்த டிஃப்பை (பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டை) யாரும் படிக்க மாட்டார்கள். படிக்காமல் ஏற்றுக்கொள்ளும் ஸ்னாப்ஷாட்டை வைத்துக்கொள்வதும் டெஸ்ட் இல்லாமல் இருப்பதும் ஒன்றுதான்.

நான் வைத்திருக்கும் விதி: ஒரு கட்டம் எதை முடிவு செய்கிறதோ, அதன் ஸ்னாப்ஷாட்டில் அது மட்டும் வர வேண்டும்.

லெக்ஸர் முடிவு செய்வது எது சொல், எது எண், எந்த இடத்தில் என்பது. முதல் வரிக்கு:

1:1 சொல் வை
1:3 பெயர் தூரம்
1:7 குறி =
1:9 எண் 5

பார்சர் முடிவு செய்வது எது எதற்குள் அடங்கும் என்பது. ஆகவே மரத்தில் வரி எண், இட எண் எதுவும் கிடையாது. போட்டால், நிரலின் மேலே ஒரு கமென்ட் வரி சேர்த்ததற்கே எல்லா ஃபைலும் மாறிவிடும். இரண்டாவது வரியின் மரம்:

காட்டு
  +
    25
    *
      -
        தூரம்
        1.8
      12

பைட்கோடுக்கும் அதே கதைதான்:

மாறிலி 5
சேமி தூரம்
மாறிலி 25
எடு தூரம்
மாறிலி 1.8
கழி
மாறிலி 12
பெருக்கு
கூட்டு
காட்டு

வரிசை எண்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். நடுவில் ஒரு கட்டளை சேர்ந்தால் கீழே உள்ள எண்களெல்லாம் நகரும், டிஃப் முழுக்கச் சிவப்பாகிவிடும். தாவும் கட்டளைகள் வரும்போது முகவரி எண்ணுக்குப் பதில் ‘தாவு முனை2’ என்று பெயர் கொடுத்து அச்சிடுங்கள். இதற்காகக் காட்டும் ஃபங்ஷனில் கொஞ்சம் கூடுதலாக எழுத வேண்டியிருக்கும், பரவாயில்லை.

படி 2: ஒரு நிரலுக்கு ஒரு ஃபோல்டர்

ஆட்டோ என்ற ஃபோல்டருக்குள் நிரல், டோக்கன், மரம், பைட்கோட், வெளியீடு என்று ஐந்து ஃபைல். எல்லா ஸ்னாப்ஷாட்டையும் ஒரே ஃபைலில் போடுகிறவர்களும் உண்டு. எனக்குப் பிடிக்காது. கிட்டில் எந்தெந்த ஃபைல் மாறியது என்ற பட்டியலைப் பார்த்தவுடனேயே விஷயம் புரிய வேண்டும்.

உதாரணமாக, பார்சரில் கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் ஒரே முன்னுரிமை கொடுத்துவிட்டால் கணக்கு (25 + 3.2) * 12 ஆகிவிடும். அந்த 338 வந்தது இப்படித்தான். டோக்கன் ஃபைல் மாறியிருக்காது. மரம், பைட்கோட், வெளியீடு மூன்றும் மாறியிருக்கும். கட்டங்களின் வரிசைப்படி முதலில் மாறியது மரம், எனவே குற்றவாளி பார்சர். கம்பைலரைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

மாறிலிகளை முன்கூட்டியே கணக்கிடும் ஆப்டிமைசேஷன் சேர்க்கும்போது இது இன்னும் உதவும். பைட்கோட் ஃபைல்கள் கும்பலாக மாறும், மாறத்தான் வேண்டும். வெளியீட்டு ஃபைலில் ஒன்றுகூட மாறக் கூடாது. ஒன்று மாறினாலும் ஆப்டிமைசேஷனில் பக்.

அந்த 63.400000000000006-ஐ நான் அப்படியே சேமித்து வைத்திருந்தேன். பிற்பாடு ‘காட்டு’ கட்டளையில் தசமத்தைச் சுருக்கியபோது வெளியீட்டு ஃபைல் மட்டும் 63.40 என்று மாறியது, மற்றவை அசையவில்லை. தொட்ட இடம் மட்டுமே மாறியது என்று தெரிந்த பிறகுதான் கமிட் செய்தேன்.

படி 3: இட எண். இங்கே நிதானமாகப் போங்கள்

என்னை அதிகம் சுற்ற விட்டது இதுதான். ‘வை தூரம் = 5’ என்ற வரியில் சமக்குறி எத்தனையாவது இடத்தில் இருக்கிறது? கண்ணால் எண்ணினால் ஏழு. பைதானின் கணக்கில் பத்து. யூடிஎஃப்-8 பைட் கணக்கில் இருபத்து நான்கு.

காரணம் இது. ‘வை’ நமக்கு ஓர் எழுத்து. யூனிகோடில் அது வகரமும் ஐகாரக் குறியும் சேர்ந்த இரண்டு கோட்பாயின்ட் (யூனிகோட் தனி எண் கொடுத்திருக்கும் குறி). யூடிஎஃப்-8-ல் ஒவ்வொரு தமிழ்க் கோட்பாயின்டும் மூன்று பைட் என்பதால் ஆறு பைட். ‘தூரம்’ மூன்று எழுத்து, ஐந்து கோட்பாயின்ட், பதினைந்து பைட்.

சோதனை நிரல் முழுக்க ஆங்கில எழுத்தில் மட்டும் இருந்தால் மூன்று கணக்கும் ஒன்றாகவே வரும், இந்தச் சிக்கல் கண்ணிலேயே படாது. தமிழில் எழுதியதும் என் டோக்கன் ஃபைல் சமக்குறியைப் பத்தாம் இடம் என்றது, பிழைச் செய்தி அதே குறியை இருபத்து நான்காம் இடம் என்றது. லெக்ஸர் ஒரு கணக்கு, பிழையை அச்சிடும் பகுதி இன்னொரு கணக்கு. இரண்டு ஸ்னாப்ஷாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திராவிட்டால் தெரிந்தே இருக்காது.

என் சிபாரிசு: உள்ளே கோட்பாயின்ட் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள், மனிதர் கண்ணில் படும் இடத்தில் மட்டும் எழுத்துக் கணக்குக்கு மாற்றுங்கள். மாற்றும் ஃபங்ஷன் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும், டோக்கனும் பிழைச் செய்தியும் அதையே கூப்பிடட்டும். பைதானில் கூடவே வரும் ரீ மாடியூலில் எழுத்து எழுத்தாகப் பிரிக்க நேரடி வழி கிடையாது. ரீஜெக்ஸ் என்ற தனி பேக்கேஜில் உண்டு. ரஸ்டில் யூனிகோட்-செக்மென்டேஷன் க்ரேட் இருக்கிறது.

பிழைக்குக் கீழே அம்புக்குறி போட்டுக் காட்டும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். தமிழ் எழுத்துகளின் அகலம் டெர்மினலுக்கு டெர்மினல் மாறும், அம்பு எங்கேயோ போய் நிற்கும். இட எண்ணும் தடுக்கிய சொல்லும் போதும்.

படி 4: ஒப்பிடும் லூப்

ஒவ்வொரு ஃபோல்டரையும் எடுத்து, கட்டங்களை வரிசையாக ஓட்டி, ஒவ்வொன்றையும் அதனதன் ஃபைலோடு ஒப்பிடுங்கள். வேறுபட்டால் பழைய ஃபைலைத் தொடாமல், ‘புதிய’ என்ற பின்னொட்டோடு பக்கத்திலேயே எழுதிவிட்டு ஃபெயில் செய்யுங்கள். ஃபைலே இல்லை என்றாலும் அப்படியே. முதல் தடவைதானே என்று தானாக ஏற்றுக்கொள்ள விடாதீர்கள், தப்பான விடை அப்படித்தான் சத்தமில்லாமல் உள்ளே நுழையும்.

ரிப்போர்ட்டில் முதலில் வேறுபட்ட கட்டத்தின் டிஃப்பை மட்டும் காட்டுங்கள். மீதியை ‘இவையும் மாறின’ என்று ஒரே வரியில் சொன்னால் போதும்.

எளிதில் விட்டுப்போகிற விஷயம் ஒன்று உண்டு. முன்பு ஓடிய நிரல் இப்போது பார்சரிலேயே பிழை கொடுத்து நின்றுவிடுகிறது என்று வையுங்கள், அந்த மாற்றத்தை நீங்களும் ஏற்றுக்கொண்டீர்கள். பழைய பைட்கோட் ஃபைலும் வெளியீட்டு ஃபைலும் ஃபோல்டரில் அப்படியே கிடக்கும். அவற்றோடு ஒப்பிட எதுவும் வராததால் டெஸ்ட் பச்சையாகவே இருக்கும். ஓடாத கட்டத்துக்கு ஃபைல் இருந்தால் அதையும் ஃபெயில் ஆக்குங்கள்.

படி 5: பிழை நிரல்கள்

சரியான நிரல்களுக்கு எழுதும் அளவுக்குத் தப்பான நிரல்களுக்கும் எழுதுங்கள். ‘வை தூரம் = = 5’ என்று ஒரு ஃபோல்டர். அதில் டோக்கன் ஃபைலும் பிழை ஃபைலும் மட்டும்:

1:9 இங்கே ஒரு மதிப்பு வர வேண்டும், ‘=’ வந்திருக்கிறது

பிழைச் செய்தியின் வாசகத்தை மெருகேற்றும்போது இந்த ஃபைல்கள் மொத்தமாக மாறும். அப்போது எல்லாவற்றையும் ஒருசேரப் படிக்க நேர்வதே நல்லதுதான், ஒரு செய்தி ‘எதிர்பார்க்கப்படுகிறது’ என்றும் இன்னொன்று ‘வர வேண்டும்’ என்றும் சொல்வது அப்போதுதான் கண்ணில் படும்.

எந்தக் கருவி?

ரஸ்ட் என்றால் யோசிக்கவே வேண்டாம், இன்ஸ்டா. மாறிய ஸ்னாப்ஷாட்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டி ஏற்கவா, தள்ளவா என்று கேட்கும் அதன் ரிவ்யூ கமாண்டுக்காகவே எடுத்துக்கொள்ளலாம். ஓகேமலில் டூன் ப்ரமோட் இருக்கிறது, அதுவும் நன்றாக இருக்கும். பைதானில் பைடெஸ்டோடு சிரப்பி சேரும். ஆனால் அப்டேட் ஆப்ஷன் கொடுத்தால் மாறியதை எல்லாம் ஒரே மூச்சில் மாற்றி எழுதிவிடும், ஒவ்வொன்றாகக் கேட்காது. அதனால் நான் மேலே சொன்ன லூப்பைக் கையாலேயே எழுதிக்கொண்டேன். ஒரு திரைக்குள் அடங்கிவிடுகிற கோட்தான்.

எந்தக் கருவியானாலும் சிஐ சர்வரில் (கோடை ஏற்றும்போதெல்லாம் டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் சர்வர்) ஸ்னாப்ஷாட்டை எழுத விடாதீர்கள். ஜெஸ்ட்டில் அதற்குத் தனி ஆப்ஷன் உண்டு, இன்ஸ்டா தானாகவே அடங்கி இருக்கும். கையால் எழுதியிருந்தால் நீங்கள்தான் தடுக்க வேண்டும்.

சேர்க்கை: கமென்ட்டில் வந்தவை

“அண்ணா, நான் மாறிகளின் பட்டியலையும் ஒரு கட்டமாகச் சேமிக்கிறேன், ஒவ்வொரு தடவையும் வரிசை மாறி வருகிறது” என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். செட் பயன்படுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். பைதானில் டிக்‌ஷனரி, 3.7-லிருந்து, சேர்த்த வரிசையைக் காப்பாற்றும். செட் அப்படிக் கிடையாது, அதில் சரங்களின் வரிசை ஓட்டத்துக்கு ஓட்டம் மாறலாம். அச்சிடும் முன் வரிசைப்படுத்திவிடுங்கள். ரஸ்டின் ஹாஷ்மேப்புக்கும் இதே மருந்துதான்.

இன்னொருவருக்கு வந்தது கொஞ்சம் வினோதமானது. ‘தொகை’ என்று ஒரு மாறி, அடுத்த வரியிலேயே அதைக் காட்டச் சொல்கிறார், ‘தொகை என்ற பெயர் அறிவிக்கப்படவில்லை’ என்று பிழை. டோக்கன் ஃபைலில் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே தெரிகின்றன. விஷயம் ஒகரக் குறியில் இருக்கிறது. ‘தொ’ என்பதைத் தகரம், ஒகரக் குறி என இரண்டு கோட்பாயின்டாகவும் சேமிக்கலாம், தகரம், எகரக் குறி, கால் என மூன்றாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. அவர் ஒரு வரியைத் தட்டச்சு செய்திருக்கிறார், இன்னொன்றை எங்கிருந்தோ காப்பி செய்திருக்கிறார்.

தீர்வு, நிரலைப் படித்தவுடன் லெக்ஸருக்குக் கொடுக்கும் முன் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படி இரண்டு விதமாகச் சேமித்ததை ஒரே விதமாக்கும் யூனிகோட் வடிவம்) மாற்றுவது. பைதானில் யூனிகோட்டேட்டா மாடியூலில் நார்மலைஸ் ஃபங்ஷன் இருக்கிறது. இதற்கென ஒரு ஃபோல்டரும் போட்டுவிட்டேன், ‘தொகை’யை இரண்டு விதமாகவும் எழுதி. அந்த நிரல் ஃபைலை எடிட்டரில் திறந்து சேமித்தால் சில எடிட்டர் செருகுநிரல்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடும், டெஸ்ட் பொருளிழந்துவிடும். ஆகவே அந்த ஒரு நிரலை மட்டும் ஃபைலாக வைக்காமல், டெஸ்ட் கோடுக்குள்ளேயே கோட்பாயின்ட் எண்களைக் கொண்டு உருவாக்கிக்கொள்ளுங்கள்.

விண்டோஸில் எல்லா டெஸ்டும் ஃபெயில் என்றவர்களுக்கு: கிட் உங்கள் ஸ்னாப்ஷாட்டுகளின் வரி முடிவை மாற்றியிருக்கும். கிட் ஆட்ரிப்யூட்ஸ் ஃபைலில் சோதனை ஃபோல்டருக்கு வரி முடிவு எல்எஃப் என்று கட்டாயமாக்கி, ரெப்போவை மறுபடி க்ளோன் செய்யுங்கள்.