மாணவர் சங்க இணையதளம்: வழிகாட்டுபவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாணவர் சங்கத்துக்கு ஓர் இணையதளம் வேண்டும், மாணவர்களே செய்யட்டும் என்று முடிவானதும், கொஞ்சம் அனுபவம் உள்ள ஒருவர் தலையில் வழிகாட்டும் பொறுப்பு வந்து விழும். முதல் கூட்டத்துக்குப் பத்துப் பேர் வருவார்கள். ஒரு மாதம் கழித்து மூன்று பேர் மிஞ்சுவார்கள். அந்த மூவரும் படிப்பை முடித்துக் கிளம்பிய பிறகும், முந்தைய தலைவரின் படம் தளத்தில் அப்படியே சிரித்துக்கொண்டிருக்கும். இதில் பெரும்பங்கு வழிகாட்டுகிறவரின் கோளாறு என்பது என் எண்ணம். நானும் செய்தவன்தான்.

பெரிய தவறு, கீபோர்டைப் பிடுங்கிக்கொள்வது. நாளைக்குத் தளம் வெளியாக வேண்டும், ஒரு மாணவி இரண்டு மணி நேரமாக ஒரு பிழையோடு மல்லுக்கட்டுகிறாள். “கொடு, நான் பார்க்கிறேன்” என்று வாங்கினால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அடுத்த பிழை வரும்போது அவள் உங்களைத்தான் தேடுவாள். அப்புறம் தளம் உங்களுடையது, அவர்கள் பார்வையாளர்கள். அதற்குப் பதிலாகக் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். பிழைச் செய்தியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். புதிதாக எழுதுகிறவர்கள் பலர் அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்ததுமே மிரண்டு, வாசிக்காமலே தாண்டிவிடுகிறார்கள். கோப்பின் பெயரும் வரி எண்ணும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். “கடைசியாக ஓடியபோது எப்படி இருந்தது, அதற்குப் பிறகு எதை மாற்றினாய்?” என்று கேளுங்கள். இந்த இரண்டிலேயே பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும்.

இதன் மறுபக்கமும் தவறுதான். “நீயே கண்டுபிடி” என்று விட்டுவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு வாரம் கேட்கவே மாட்டார்கள், அப்படியே காணாமல் போவார்கள். அரை மணி நேரம் தனியாக முயன்று பார், நகரவில்லை என்றால் கட்டாயம் கேட்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். கேட்பது வெறும் அனுமதி அல்ல, விதி என்றால் தயக்கம் குறையும்.

மாணவர்கள் எழுதிய நிரலை, அதாவது கோடைச் சரிபார்க்கும்போதும் இதே கதை. ஒரு புல் ரிக்வெஸ்டில் (தன் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஒருவர் அனுப்பும் கோரிக்கை) நாற்பது குறிப்பு எழுதினால், முதல் முறை அனுப்பியவன் இரண்டாம் முறை அனுப்ப மாட்டான். முக்கியமான இரண்டு மூன்றை மட்டும், ஏன் என்ற காரணத்தோடு எழுதுங்கள். இடைவெளி, அரைப்புள்ளி போன்ற சில்லறை விஷயங்களை ஃபார்மேட்டர் (கோடின் அமைப்பைத் தானே ஒழுங்குபடுத்தும் கருவி) பார்த்துக்கொள்ளட்டும். ஆயிரம் வரி மாற்றத்தை ஒரே மூட்டையாகக் கொண்டுவந்தால் பிரித்து அனுப்பச் சொல்லுங்கள். அதை யாரும் உண்மையில் வாசிக்கப்போவதில்லை, நீங்கள் உட்பட.

அடுத்தது, தேவைக்கு மீறிய தொழில்நுட்பம். சங்கத்துக்கு என்ன வேண்டும்? நிகழ்ச்சி அறிவிப்பு, பொறுப்பாளர் பட்டியல், படங்கள், தொடர்புகொள்ள ஒரு படிவம். மாணவர்களோ ரியாக்ட் என்ற நிரல் நூலகம், தனி சர்வர், மொபைல் ஆப் என்று ஆரம்பிப்பார்கள். வேலை தேடும்போது காட்டிக்கொள்ளும் ஆசை அது, தப்பே இல்லை. ஆனாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அடுத்த வருடம் அறிவிப்பைப் பதிவேற்றப்போவது யார்? கோடு தெரியாத செயலாளர் என்றால், கோடு எழுதாமலே பக்கங்களை மாற்ற உதவும் வேர்ட்பிரஸ் போன்ற ஒன்று நல்லது. கோடு தெரிந்த இருவர் எப்போதும் இருப்பார்கள் என்றால் கோடைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பின் பேஜஸ் சேவையில் சாதாரண ஸ்டாட்டிக் (எழுதியபடியே காட்டப்படும்) பக்கங்கள் போதும். ரெப்போ, அதாவது கோடு இருக்கும் களஞ்சியம், பொதுவில் இருந்தால் ஹோஸ்டிங்குக்கு (தளத்தை இணையத்தில் வைத்திருக்க) காசும் இல்லை. ஆசைப்பட்ட புதுத் தொழில்நுட்பத்தை ஒரு மூலையில், நிகழ்ச்சிக் காலண்டர் மாதிரி ஒரு சின்னப் பகுதியில் முயன்று பார்க்கட்டும்.

வேலையைப் பிரிக்கும்போது “நீ டிசைன், நீ டேட்டாபேஸ்” என்று பிரிக்காதீர்கள். ஒருவருக்குத் தேர்வு வந்தால் எல்லோரும் நிற்க வேண்டும். நிகழ்ச்சிப் பக்கம் முழுவதையும் ஒரு சீனியர், ஒரு ஜூனியர் சேர்ந்து செய்யட்டும். இரண்டாவது வாரத்திலேயே ஒற்றைப் பக்கமாவது வெளியாகிவிட வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற தளம் இருந்தால்தான் ஆட்கள் தங்குவார்கள்.

சாவி விஷயத்துக்கு, அதாவது கணக்குகளும் பாஸ்வேர்டுகளும் யார் கையில் என்பதற்கு, வருவோம். எனக்குத் தெரிந்த ஒரு சங்கத்தில் டொமைனை (தளத்தின் இணைய முகவரியை) ஒரு மாணவர் தன் சொந்த மின்னஞ்சலில், சொந்தக் கார்டில் பதிவு செய்திருந்தார். நல்ல மனசோடுதான். அவர் படித்து முடித்துப் போனார், கார்டு காலாவதியானது, புதுப்பிக்கச் சொல்லி வந்த அஞ்சல்கள் யாரும் திறக்காத பெட்டியில் குவிந்தன. ஒரு காலையில் தளம் இல்லை. டொமைன், ஹோஸ்டிங், கிட்ஹப் எல்லாமே சங்கத்தின் பொது மின்னஞ்சலில் இருக்கட்டும். கிட்ஹப்பில் ஆர்கனைசேஷன் (குழுவுக்கான பொதுக் கணக்கு) தொடங்கி இரண்டு பேரையாவது உரிமையாளராக்குங்கள். பாஸ்வேர்டுகள் வாட்ஸ்ஆப் குழுவில் அல்ல, பாஸ்வேர்டுகளைப் பூட்டிவைக்கும் செயலியான ஒரு பாஸ்வேர்டு மேனேஜரில் இருக்க வேண்டும்.

யாராவது ஒருநாள் பாஸ்வேர்டைக் கோடோடு சேர்த்துக் கமிட் செய்தே (ரெப்போவில் பதிவு செய்தே) தீருவார்கள். அடுத்த கமிட்டில் அழித்தால் போதும் என்று நினைப்பார்கள். போதாது, மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் என்ற மென்பொருள் பழைய வரலாற்றை வைத்திருக்கும். முதல் வேலை, அந்தப் பாஸ்வேர்டையே மாற்றுவது. திட்டாதீர்கள், திட்டினால் அடுத்தவர் மறைப்பார். உறுப்பினர்களின் தொலைபேசி எண், பிறந்த தேதி போன்றவை வேண்டாமென்றால் வாங்கவே வேண்டாம். சோதனைக்குப் பொய்த் தகவல் போதும், உண்மைப் பட்டியலை ரெப்போவில் போடக் கூடாது.

சின்னதாக ஒன்று: நிகழ்ச்சி விவரத்தைப் போஸ்டர் படமாக மட்டும் போடுவார்கள். பார்வையற்ற மாணவரின் ஸ்கிரீன் ரீடரால் (திரையில் உள்ள எழுத்தை வாசித்துச் சொல்லும் மென்பொருள்) அதைச் சரியாக வாசிக்க முடியாது. தேதி, நேரம், இடம் மூன்றும் எழுத்தாகவும் இருக்க வேண்டும்.

கடைசியாக, ஒப்படைப்பு. பிரிவு உபசார நாளில் ஒரு லிங்க்கை அனுப்புவது ஒப்படைப்பு ஆகாது. சீனியர்கள் கிளம்பச் சில மாதம் இருக்கும்போதே, திட்டத்தைப் பார்த்தே இராத ஒரு ஜூனியரைக் கூப்பிடுங்கள். தளத்தை ஓட்டும் முறையை விளக்கும் ரீட்மீ கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு தன் கணினியில் தளத்தை ஓட்டி, ஓர் அறிவிப்பை மாற்றி வெளியிடச் சொல்லுங்கள். எழுதிய சீனியர்கள் பக்கத்தில் இருக்கலாம், வாய் திறக்கக் கூடாது. அவன் எங்கே தடுமாறுகிறானோ அந்த இடத்தைக் குறித்து, அன்றைக்கே ரீட்மீயில் திருத்துங்கள். அந்த ஒரு மணி நேரம் நீங்கள் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டமாக இருக்கும்.