கேபிள் ஆபரேட்டர்கள் காகித வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இருநூறு கனெக்‌ஷன் வைத்திருப்பவருக்கும் ஐயாயிரம் வைத்திருப்பவருக்கும் அரசு கேட்கும் காகிதங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். பெரியவரிடம் அதற்கென ஓர் ஆள் இருப்பார். சின்னவர் காலையில் கம்பத்தில் ஏறி, மாலையில் வசூலுக்குப் போய், இரவில் இந்த வேலையைப் பார்க்க வேண்டும். அதனால் தவறு செய்வதும் அவர்தான், அடி வாங்குவதும் அவர்தான். 1995-ஆம் ஆண்டு கேபிள் டிவி சட்டப்படி ரிஜிஸ்ட்ரேஷன் இல்லாமல் லைன் நடத்த முடியாது. ஆகவே அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

முன்பு தலைமைத் தபால் நிலையத்தில் 500 ரூபாய் கட்டி வருடா வருடம் புதுப்பித்தோம். 2025 ஜனவரி 17 முதல் அந்த முறை இல்லை. ‘பிராட்காஸ்ட் சேவா’ என்ற மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் தளத்தில் ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 5,000 ரூபாய். சான்றிதழ் ஐந்து வருடம் செல்லும். ஒரு ஊருக்குள் முடங்காமல் நாடு முழுவதும் தொழில் செய்ய அது போதும். என் பார்வையில் இது உண்மையான நிம்மதி. ஆனால் ஐந்து வருடம் என்பது மறந்துபோகப் போதுமான காலம். காலாவதிக்கு 90 நாள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. 2025 மார்ச் 10-இல் சான்றிதழ் வாங்கியவர் கடைசி மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று 2030 பிப்ரவரி வரை இருந்தால் தவறிவிட்டார். 2029 டிசம்பர் முதல் வாரத்துக்குள் வேலையை முடித்திருக்க வேண்டும். சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டுகிறீர்களா, இந்தத் தேதியையும் அதன் கீழேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

அடுத்தது பெயர். ஆதாரும் பானும் சரிபார்க்கப்பட்ட பிறகுதான் சான்றிதழ் கிடைக்கும். நம் ஊரில் ஆதாரில் இனிஷியல் மட்டும் இருக்கும், பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். ஆதாரோடு இணைத்த செல்போன் எண்ணோ எப்போதோ மாறியிருக்கும். இவற்றை முதலில் சரிசெய்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல், அப்பா பெயரில் ஓடும் லைன். அப்பா காலமாகிப் பல வருடம் ஆகியிருக்கும். மகன் அதே பெயரில் வசூல் செய்துகொண்டிருப்பார். சட்டம் கேட்பது லைனை நடத்துபவரின் ரிஜிஸ்ட்ரேஷனை. வீடு, நிலம் போல அது வாரிசுக்குத் தானாக வந்து சேராது. மகன் தன் பெயரில் விண்ணப்பித்தாக வேண்டும், நமக்குச் சேனல் சிக்னல் தரும் பெரிய கேபிள் நிறுவனமான எம்.எஸ்.ஓ.வுடன் உள்ள ஒப்பந்தத்தையும் தன் பெயருக்கு மாற்றியாக வேண்டும்.

ஒளிபரப்பிய நிகழ்ச்சிகளின் பதிவேட்டை இன்று பலரும் வைப்பதே இல்லை. சிக்னல் மேலிருந்து வருகிறது, நமக்கென்ன என்ற எண்ணம். சட்டத்தின் 7-ஆம் பிரிவு அதைக் கேபிள் ஆபரேட்டர் வைத்திருக்க வேண்டும் என்கிறது, ஒளிபரப்பான பிறகும் ஒரு வருடத்துக்கு. கோயில் திருவிழாவும் கடை விளம்பரமும் ஓடும் உள்ளூர் சேனல் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. 2022 நவம்பர் வழிகாட்டுதலின்படி எம்.எஸ்.ஓ. அந்தச் சேனலை அரசிடம் பதிவு செய்ய வேண்டும், ஒளிபரப்பியதை 90 நாள் சேமித்து வைக்க வேண்டும். உள்ளூர் செய்தி போடுவதென்றால் கம்பெனியாகப் பதிவு செய்த நிறுவனம்தான் போடலாம்.

ஜி.எஸ்.டி.யில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம் என்ற வரம்புக்குக் கேபிள் வசூலை மட்டும் கணக்கு பார்க்காதீர்கள். அதே பான் எண்ணில் பிராட்பேண்டோ மொபைல் கடையோ இருந்தால் எல்லா வரவும் சேர்ந்துதான் கணக்கு.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் வருத்துவது ஒப்பந்தக் காகிதம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2017 விதிமுறைப்படி எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் எம்.எஸ்.ஓ. சிக்னல் கொடுக்கக் கூடாது. நாமோ நிரப்பாத படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, நகல் கேட்கக் கூச்சப்படுகிறோம். பல வருடங்களுக்கு முன் நானும் அப்படித்தான் கொடுத்தேன். வசூல் பங்கில் தகராறு வந்தபோது ஒரே இரவில் லைனை நிறுத்தினார்கள். காரணத்தை எழுதி மூன்று வாரம் முன்பே நோட்டீஸ் கொடுக்காமல் துண்டிக்கக் கூடாது. இந்தத் தகராறுகளை விசாரிக்கும் டிடிசாட் தீர்ப்பாயம் வரை போக எனக்கு வழி இருந்தது. ஆனால் நான் அவர்களுடைய ஆபரேட்டர் என்று காட்ட என் கையில் ஒரு தாளும் இல்லை. நான்கு நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் டிஷ்ஷுக்குப் போய்விட்டன.

இப்போது எந்த இடத்தையும் காலியாக விட்டுக் கையெழுத்துப் போடுவதில்லை. பங்கு எத்தனை சதவீதம், எத்தனை வருடம், எந்த ஏரியா என்று மூன்றையும் பேனாவால் நிரப்பி, இரண்டு தரப்பு கையெழுத்தும் உள்ள நகல் கைக்கு வந்த பிறகுதான் அந்த அலுவலகத்தை விட்டு எழுந்திருக்கிறேன்.