பத்திரம் பீரோவில் இருக்கிறது. கம்பிக் கணக்கு எங்கே?

கொங்கு நாட்டில் சொந்த வீடு கட்டியவர் எவரிடமாவது மூலப்பத்திரத்தைக் கேட்டுப் பாருங்கள். பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது எல்லாம் பீரோவின் உள்ளறையிலிருந்து ஒரே உறையில் வந்துவிடும். அதே வீட்டின் தூணுக்குள் எத்தனை கம்பி இருக்கிறது, அடித்தளம் எத்தனை அடி ஆழத்தில் நிற்கிறது என்று கேட்டால், "அதெல்லாம் மேஸ்திரிக்குத்தானுங்க தெரியும்" என்பதே பெரும்பாலும் விடை. அந்த மேஸ்திரி காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். திருப்பூர், பல்லடம் வட்டாரத்தில் பழைய கட்டடங்களின் உறுதியைச் சோதிக்கும் பொறியாளராகச் சொல்கிறேன்: பலவீனம் தெரிந்த தூணைச் சுற்றிலும் கம்பி கட்டிப் புதிய கான்கிரீட் போர்த்தும் ஜாக்கெட்டிங் செய்து காப்பாற்றிவிடலாம், உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத தூணுக்கு எந்த வைத்தியம் செய்வது என்று முடிவெடுக்கவே முடிவதில்லை.

அனுமதிக்குக் கொடுத்த வரைபடத்தையே கட்டடத்தின் வரைபடம் என்று நம்பிவிடுவதுதான் நான் அதிகம் காணும் தவறு. அனுமதி வரைபடம் என்ன கட்டப்போகிறோம் என்பதைச் சொல்கிறது. என்ன கட்டினோம் என்பது அதில் இராது. திருப்பூரில் இரண்டு தளக் கட்டடம் ஒன்றின் மேல் மூன்றாம் தளம் எழுப்ப உரிமையாளர் விரும்பினார். அவர் பத்திரமாக வைத்திருந்த வரைபடத்தில் தூண்களுக்கு 16 மில்லிமீட்டர் கம்பி என்று தெளிவாக எழுதியிருந்தது. ஒரு தூணின் அடியில் பூச்சையும் கான்கிரீட்டையும் கொத்தி, கம்பியைத் துடைத்துவிட்டு அளந்தபோது கருவி 12 காட்டியது. 16-க்கும் 12-க்கும் நான்குதானே வேறுபாடு என்று உரிமையாளர் நினைத்தார். கம்பியின் பலம் அதன் வெட்டுப் பரப்பைப் பொறுத்தது. அந்தக் கணக்கில் நூற்றுக்கு 44 பங்கு குறைந்துபோகிறது. என்றோ ஒருநாள் கம்பி வந்து சேராமல், இருந்ததை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அன்று மாலை அந்த வரைபடத்திலேயே சிவப்பு மையால் ஒரு வரி எழுதித் தேதியும் கையெழுத்தும் இட்டிருந்தால், பின்னால் வந்தவர்கள் அதை நம்பி ஏமாற வேண்டியிருந்திருக்காது.

இதிலிருந்து இன்னொரு தவறும் பிறக்கிறது. பழைய கட்டடத்துக்கு, அதன் உள்விவரங்களைப் பதிந்துவைக்கும் குறிப்பேட்டைப் புதிதாக எழுதுகிறவர்கள், தெரியாத இடங்களை ஊகத்தால் நிரப்பிவிடுகிறார்கள். ஊகம் ஒருமுறை தாளில் ஏறிவிட்டால் அடுத்தவர் கண்ணுக்கு அது உண்மையாகவே தெரியும். ஆகவே ஒவ்வொரு குறிப்பின் அருகிலும் அது கொத்திப் பார்த்து அளந்ததா, கருவியால் கண்டதா, வரைபடத்திலிருந்து எடுத்ததா, வாய்மொழியாகக் கேட்டதா என்று எழுதுங்கள். தெரியாத இடத்தில் 'தெரியாது' என்றே எழுதுங்கள். அடுத்துச் சோதிக்க வருபவர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அந்த ஒரு சொல்லே காட்டிவிடும்.

கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள் கைப்பேசியில் படம் எடுக்கும் பழக்கம் இப்போது பரவியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அந்தப் படங்களில் இருப்பது எந்தத் தூண், எந்த பீம் என்று ஆறு மாதம் கழித்து எடுத்தவருக்கே தெரிவதில்லை. தூணின் எண்ணையும் தேதியையும் ஒரு அட்டையில் எழுதிக் கம்பிக்கூட்டில் மாட்டி, ரிங்குகளின் (தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் கம்பி வளையங்களின்) மீது அளவு டேப்பை நீளமாக விரித்து, இடைவெளி படிக்கும்படி எடுத்த ஒரே ஒரு படம், வெறுமனே எடுத்த நூறு படங்களைவிட மேலானது. ரிங்கின் கொக்கி 135 டிகிரிக்கு உள்நோக்கி மடிக்கப்பட்டிருப்பதும் அதில் தெரிய வேண்டும், ஏனெனில் நிலம் அதிரும்போது அந்த மடிப்புதான் ரிங் பிரிந்துவிடாமல் தூணின் கம்பிகளை இறுக்கிப் பிடித்திருக்கும். 1900 பிப்ரவரி 8 அன்று கோவையை நிலநடுக்கம் உலுக்கியிருக்கிறது என்பதை இங்கே வீடு கட்டுகிறவர்கள் மறந்துவிடக் கூடாது.

பயன்பாடு மாறியதை எழுதி வைக்காமல் விடுவது நம் வட்டாரத்துக்கே உரிய ஆபத்து. குடியிருக்கக் கட்டிய வீட்டின் மாடியில் தையல் மெஷின்கள் ஏறுகின்றன. பிறகு துணி ரோல்கள் கூரையைத் தொடும்வரை அடுக்கப்படுகின்றன. கட்டடங்கள் தாங்க வேண்டிய சுமைகளைச் சொல்லும் இந்தியத் தரநிலை 875-இன்படி, வீட்டு அறைகளுக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ சுமை கணக்கிடப்படுகிறது; இலகுவான தொழிற்கூடத்துக்கே அது 500 கிலோ. மொட்டை மாடியில் கூடுதலாக வைக்கும் 5,000 லிட்டர் தொட்டி, தண்ணீர் நிறைந்தால் ஐந்து டன். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தின் ராணா பிளாசா சரிந்து 1,100-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அனுமதியின்றி மேல்தளங்கள் எழுப்பி, ஜெனரேட்டர்களையும் மேலே ஏற்றி, கடைகளுக்கும் அலுவலகங்களுக்குமான கட்டடத்தில் ஆடைத் தொழிற்சாலைகளை நடத்தினார்கள். நமக்கும் அதே தொழில்தான் என்பதால் அந்தச் செய்தியை அயலூர்ச் செய்தியாக என்னால் படிக்க முடியவில்லை.

விரிசலைக் கண்டவுடன் பூசி மறைப்பதும் தகவலை அழிப்பதுதான். கரிசல் மண்ணில் நிற்கும் வீடுகளில் கோடையில் மண் சுருங்கும்போது விரிசல் விரியும்; மழை பெய்து மண் ஊறியதும் ஓரளவு மூடிக்கொள்ளும். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டு, பக்கத்திலேயே தேதியையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் எழுதி ஓராண்டு கவனித்தால், அது பருவத்தோடு வந்து போவதா, நாளுக்கு நாள் வளர்வதா என்பது தெரிந்துவிடும். வாஸ்துவுக்காக வாசல் மாற்றும்போதும், ஏ.சி. குழாய்க்காக பீமில் துளை போடும்போதும், அதைப் போட்ட இடத்தையும் நாளையும் குறிப்பேட்டில் ஏற்றிவிட வேண்டும். காம்பவுண்டு சுவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: உயரம், அடித்தள ஆழம், மறுபுறம் எவ்வளவு உயரத்துக்கு மண் அணைத்திருக்கிறது, நீர் வடிய துளைகள் உண்டா. 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் ஏறத்தாழ 20 அடி உயரச் சுவர் மழையில் விழுந்து 17 பேர் மாண்ட பிறகும், சுவருக்கு வரைபடம் எதற்கு என்று கேட்பவர்களைக் காண வருத்தமாக இருக்கிறது.

அடுக்குமாடிகளில் சங்கம் பொறுப்பேற்கும்போது வைப்பு நிதியை எண்ணி வாங்குகிறார்கள். வரைபடங்களை வாங்க மறந்துவிடுகிறார்கள். ஆவணங்களையும் வரைபடங்களையும் சங்கத்திடம் ஒப்படைப்பது கட்டுநரின் கடமை என்று 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. கட்டமைப்புக் குறைபாட்டை ஐந்து ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டினால் அவர் சரிசெய்து தர வேண்டும் என்கிறது 14-ஆம் பிரிவு. கையில் வரைபடம் இல்லாதவர்கள் குறைபாட்டை எதனோடு ஒப்பிட்டுக் காட்டுவார்கள்? வாங்கியதை ஒரு செயலாளரின் வீட்டிலோ வாட்ஸ்அப் குழுவிலோ மட்டும் விட்டுவைத்தால் ஆள் மாறும்போது, கைப்பேசி மாறும்போது எல்லாம் போய்விடும். தாளில் ஒரு படி, பி.டி.எஃப். ஆக ஒரு படி, இரண்டும் வெவ்வேறு இடத்தில் இருக்கட்டும். லண்டனில் 2017-இல் கிரென்ஃபெல் கோபுரம் எரிந்து 72 பேர் இறந்தபின் நடந்த ஆய்வு, வடிவமைப்பிலிருந்து குடியிருப்புக் காலம்வரை அறுபடாமல் தொடர வேண்டிய இத்தகவலுக்குப் 'பொன்னிழை' என்று பொருள்படப் பெயரிட்டது. 2022-இல் அங்கே உயரமான குடியிருப்புகளுக்கு அது சட்டமாகவே ஆனது.

இத்தனையும் எழுதிப் பூட்டி வைத்துவிட்டால், சுமை ஏற்றுகிறவருக்கு ஒன்றும் தெரியாமல் போகும். தொழிற்கூடமாக வாடகைக்கு விடும் கட்டடத்தில், அந்தந்தத் தளம் சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ தாங்கும் என்பதைப் பொறியாளரிடம் கேட்டு, படிக்கட்டு முடியும் சுவரில் பெயிண்டால் பெரிதாக எழுதுங்கள். துணி ரோல்களை மேலே தூக்கி வருபவர்களில் பலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள்; தமிழுக்குக் கீழே இந்தியிலும் ஒடியாவிலும் எழுதுங்கள்.