அரிசிம்பருப்பில் பருப்பைக் கூட்டுங்க: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு சாப்பாட்டுச் செய்முறை

எங்கள் மாமாவுக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது என்று ரத்தப் பரிசோதனைச் சீட்டு வந்த அன்றே வீட்டில் பெரிய புரட்சி நடந்தது. பொழுதோட வீட்டுக்காரர் கோபி டவுனுக்குப் போய் ஓட்ஸ், சியா விதை, சிறுதானியக் கஞ்சிப் பொடி என்று பை நிறைய வாங்கி வந்துவிட்டார். அத்தை அரிசி டப்பாவை அட்டாலி மேல் ஏற்றிவிட்டார். எல்லாம் மூன்று வாரம்தான். மாமா வட்டலைத் தள்ளி வைத்துவிட்டு, "ஏனுங்க அம்மிணி, இந்த வீட்டுல சோறு ஆக்கறதே நிறுத்தியாச்சுங்களா?" என்று கேட்டார். ஓட்ஸ் டப்பாவில் வண்டு விழுந்தது. அரிசி டப்பா பழைய இடத்துக்கே இறங்கி வந்தது.

அதன்பிறகு நாங்கள் புதிதாக எதையும் வாங்கவில்லை. அதே சமையல், அதே வட்டல். எது எவ்வளவு என்பதை மட்டும் மாற்றினோம். அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்ய வேண்டாம். ஒரு படிக்கு ஒரு வாரம் போதும்.

படி 1: எதையும் மாற்றாமல் ஒரு வாரம் எழுதுங்க

பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்றை அடுப்படியில் தொங்கவிடுங்கள். வாய்க்குள் போவதையெல்லாம் எழுத வேண்டும். கணக்குப் பார்க்க வேண்டாம், கூச்சப்படவும் வேண்டாம்.

எங்கள் நோட்டில் தெரிந்தது இது. மாமா ஒரு நாளைக்கு நாலு டீ குடித்திருக்கிறார், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி சர்க்கரை. அதுவே சுமார் 40 கிராம் வந்துவிடும். பேக்கரிக்குப் போகும்போது கூடவே ஒரு தேங்காய் பன். மதியம் வட்டல் நிறையச் சோறு, ஓரத்தில் இரண்டு கரண்டி பொரியல். பழம் அந்த வாரத்தில் ஒரே ஒரு நாள், அதுவும் கோயிலில் கொடுத்த வாழைப்பழம். சோறு மட்டும்தான் குற்றவாளி என்று நினைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு அந்த நோட்டைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

படி 2: டம்ளர் கணக்கு

ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியைப் புதுப்பித்து வெளியிட்டது. அது ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்குச் சொல்லும் அளவு: தானியம் 250 கிராம், பருப்பு பயறு வகை 85 கிராம், காய்கறி 400 கிராம் (அதில் 100 கிராம் கீரை), பழம் 100 கிராம், கொட்டை விதை வகை 35 கிராம், எண்ணெய் 27 கிராம், பாலோ தயிரோ 300 மில்லி.

கிராமில் சொன்னால் அடுப்படியில் நிற்கிறவருக்கு ஒன்றும் விளங்காது. 200 மில்லி பிடிக்கிற எவர்சில்வர் டம்ளரை எடுத்துக்கொள்ளுங்கள். தானியம் சமைக்காமல் ஒன்றரை டம்ளர், பருப்பு அரை டம்ளர். ஒரு ஆளுக்கு, ஒரு நாள் முழுவதற்கும் இதுதான். காலை இட்லிக்குப் போட்ட அரிசியும் ராத்திரித் தோசையும் இந்த ஒன்றரைக்குள் அடங்க வேண்டும், உளுந்தைப் பருப்புக் கணக்கில் சேர்க்க வேண்டும். நாங்கள் அளந்து பார்த்தபோது தானியம் இரண்டேகால் டம்ளர் வந்தது. பருப்பு கால் டம்ளரைத் தாண்டவில்லை.

இந்த நிறுவனம் பிறந்தது நம் பக்கத்து மலையில்தான். மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறினால் வருகிற குன்னூரில், 1918-இல், ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய ஒரு சின்ன அறையில் தொடங்கியது. 1958-இல்தான் ஐதராபாத்துக்கு இடம் மாறியது. வைட்டமின் பி1 சத்துக் குறைவால், தீட்டிய பச்சரிசியையே நம்பி இருந்தவர்களைத் தாக்கிய நோய் பெரிபெரி. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டில் இருக்கிற பி1 சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள்ளே இறங்கிவிடுவதால் புழுங்கலரிசி தின்கிறவர்கள் தப்பித்தார்கள். அரிசியை அடியோடு விடச் சொல்லவில்லை நான். புழுங்கலரிசியாக வாங்குங்கள், அளவைக் குறையுங்கள்.

படி 3: அரிசிம்பருப்பு

இந்தப் பதிவில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். கொங்கு நாட்டில் வாரத்துக்கு ஒரு நாளாவது அரிசிம்பருப்பு, அதாவது அரிசியும் பருப்பும் ஒன்றாக வேகிற சோறு, ஆக்காத வீடு கிடையாது. அவசரத்துக்கு அதுதான், ஒரம்பரை திடீரென்று வந்து நின்றாலும் அதுதான்.

எங்கள் வீட்டு வழக்கம் ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு. இப்போது முக்கால் டம்ளர் அரிசி, அரை டம்ளர் பருப்பு. மொத்தம் அதே ஒன்றேகால் டம்ளர்தான். ஆனால் குக்கருக்குள் போகிற புரதம் ஏறக்குறைய 22 கிராமிலிருந்து 28 கிராமாகக் கூடுகிறது. அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்ற புரதக் கூறு பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைவாக இருக்கும் மெத்தியோனின் என்ற இன்னொரு கூறு அரிசியில் இருக்கிறது. ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. இந்தப் பெயரெல்லாம் தெரியாமலேயே நம் ஆத்தாமார் இரண்டையும் ஒரே சட்டியில் போட்டார்கள்.

அரிசியையும் பருப்பையும் கழுவி அரை மணி நேரம் ஊறவிடுங்கள். குக்கரில் இரண்டு கரண்டி கடலை எண்ணெய் போதும். கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை, தட்டிய பூண்டு, ஒரு கை சின்ன வெங்காயம். வெங்காயம் கண்ணாடி போல ஆனதும் தக்காளி, மஞ்சள்தூள். வழக்கமாக ஊற்றுகிற தண்ணீரோடு அரை டம்ளர் கூட ஊற்றுங்கள், பருப்பு குடித்துவிடும். தண்ணீர் கொதிக்கும்போது அரிசி பருப்பைப் போட்டு, கூடவே நறுக்கிய அவரைக்காய் ஒரு டம்ளர். மூன்று விசில். ஆவி அடங்கித் திறந்ததும் உருவி வைத்த முருங்கைக்கீரையை ஒரு கைப்பிடி போட்டுக் கிளறி மூடிவிடுங்கள். அந்தச் சூட்டிலேயே கீரை வெந்துவிடும்.

முதல் நாள் அத்தை ஒரு வாய் வைத்துவிட்டு, "என்ன சாமி, பொங்கலாட்டம் குழைஞ்சு போச்சு" என்றார். அது தண்ணீர் அளவில் நான் செய்த தப்பு. மூன்றாவது தடவை யாரும் எதுவும் சொல்லவில்லை. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று அர்த்தம்.

படி 4: வாரம் இரண்டு நாள் கொள்ளு

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பார்கள். கொள்ளு கொழுப்பைக் கரைக்கும் என்று இன்றைக்கு விளம்பரமே வருகிறது. அதை நம்பாதீர்கள். கொள்ளின் பெருமை வேறு: 100 கிராமில் ஏறக்குறைய 22 கிராம் புரதம், கூடவே நார்ச்சத்தும் இரும்பும். கொள்ளும்பருப்பு பிசைந்து சாப்பிட்டால் வயிறு சீக்கிரம் நிறையும், அதனால் சோறு தானாகக் குறையும்.

ராத்திரியே கல் பொறுக்கி ஊறப்போட வேண்டும், எட்டு மணி நேரமாவது ஊறட்டும். ஊறாத கொள்ளு எத்தனை விசில் விட்டாலும் பல்லில் படும். வெந்ததும் தண்ணீரை வடித்துத் தனியாக வையுங்கள், ரசத்துக்கு ஆகும். வாணலியில் மல்லி விதை, சீரகம், வரமிளகாய், பூண்டு, சின்ன வெங்காயம், தக்காளி வதக்கி, ஆறியதும் கொள்ளோடு சேர்த்து மிக்சியில் இரண்டே சுற்று. பசையாகிவிடக் கூடாது, பாதி கொள்ளு முழுசாகத் தெரிய வேண்டும். மேலே ஒரு சின்னக் கரண்டி நல்லெண்ணெய்.

மற்ற நாட்களில் பச்சைப்பயறு கடைசல், தட்டைப்பயறுக் குழம்பு என்று மாற்றிக்கொள்ளலாம். முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம், நாமக்கல் பக்கத்திலேயே இருக்கிறது.

படி 5: கம்பு, ராகி

"அந்தக் காலத்துல கம்பஞ்சோறு தின்னாங்க, நோயில்லாம இருந்தாங்க" என்று சொல்கிறவர்கள், அவர்கள் விடிகாலையிலிருந்து ஏற்றம் இறைத்ததையும் களை வெட்டியதையும் சொல்வதில்லை. நெல்லுச்சோறு நோம்பிக்குத்தான் என்பதால் கம்பு தின்றார்கள், விரும்பித் தின்றவர்கள் குறைவு. கம்பும் ராகியும் நல்லவைதான். 100 கிராம் ராகியில் 350 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, அரிசியில் பத்துகூட இல்லை. ஆனால் இவையும் மாவுச்சத்துதான். ஒன்றரை டம்ளர் கணக்குக்கு உள்ளேதான் இவற்றுக்கும் இடம். நைசாக அரைத்த ராகிக் கஞ்சியை இரண்டு டம்ளர் குடித்துவிட்டுச் சர்க்கரை ஏன் குறையவில்லை என்று கேட்கக் கூடாது.

நான் பட்ட பாட்டை நீங்கள் பட வேண்டாம். கம்பு மாவை இரண்டு கிலோ அரைத்து வைத்தேன், பத்து நாளில் கசந்து போய் மாட்டுக்குத்தான் போனது. கம்பில் எண்ணெய்ச் சத்து உண்டு, மாவாக்கினால் சீக்கிரம் சிக்குப் பிடித்துவிடும். கம்பை முழுசாக வாங்கி, வேண்டிய அன்றைக்கு ஒரு டம்ளர் எடுத்துத் தண்ணீர் தெளித்துக் கால் மணி நேரம் வைத்து, மிக்சியில் விட்டு விட்டு ஓட்டி, முறத்தில் தவிட்டைப் புடைத்துவிட்டு, மறுபடி குருணையாக உடைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு ஐந்து தண்ணீர். ராத்திரி ஆக்கி உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டால் காலையில் போசியில் கரைத்து மோரும் சின்ன வெங்காயமுமாகக் குடிக்கலாம்.

படி 6: காய், கீரை

400 கிராம் என்றால் நாலு பேர் வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல். கேட்டாலே மலைப்பாக இருக்கும். எங்களுக்கு இன்னும் அது முழுசாக வரவில்லை. இருமடங்கு ஆக்குங்கள், முதலில் அது போதும். பொரியலை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றில் கை வைத்தால் சர்க்கரை சட்டென்று ஏறாது. பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் மழைக்குக் காட்டோரம் தானாக முளைக்கும், மருந்தடிக்காத இடமாகப் பார்த்துப் பறியுங்கள். பழத்துக்குக் கொய்யா. வைட்டமின் சி ஆரஞ்சை விடப் பல மடங்கு.

படி 7: மளிகைச் சீட்டு

எண்ணெய், உப்பு, சர்க்கரையைக் கரண்டி கரண்டியாக யாராலும் அளந்துகொண்டிருக்க முடியாது. மாதச் சீட்டில் அளந்துவிடுங்கள். நாலு பேருக்கு மாதம் எண்ணெய் மூன்றரை லிட்டர். உப்பு, உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் நாளைக்கு 5 கிராம் கணக்கில், 600 கிராம். கடையில் தின்பதிலும் ஊறுகாயிலும் உப்பு இருக்கிறதே, அதனால் வீட்டு உப்பு அதைவிடக் குறைய வேண்டும். சர்க்கரை அதிகபட்சம் மூன்று கிலோ.

நாட்டுச்சர்க்கரையும் அந்த மூன்று கிலோவுக்குள்தான். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை பழனி பஞ்சாமிர்தத்துக்கே போகிறது, ருசியில் அதை அடிக்க ஆளில்லை. ஆனால் ரத்தத்துக்கு அது வெள்ளைச் சர்க்கரைக்குப் பங்காளிதான். மாமாவிடம் இதை ஒத்துக்கொள்ள வைக்க ஆறு மாதம் ஆனது.

படி 8: பேக்கரி

பேக்கரிக்குப் போகாதே என்று கொங்கு நாட்டு ஆண்களிடம் சொல்ல முடியாது, உட்கார்ந்து பழமை (ஊர்க்கதை) பேசுகிற இடமே அதுதான். டீயில் சர்க்கரையை அரைக் கரண்டியாகக் குறைத்து, பன்னுக்குப் பதில் கடலை மிட்டாயில் பாதியோ சுண்டலோ. சாப்பிட்டவுடன் டீ வேண்டாம், சாப்பாட்டிலிருக்கும் இரும்புச் சத்தை அது உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் போகட்டும். ரோட்டுக்கடைக் காளானில் காளானை விட முட்டைக்கோசும் மைதாவும்தான் அதிகம் என்பது உங்களுக்கே தெரியும். மாதம் ஒரு தடவை.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடலாம். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் பருப்பைக் கூட்டுவதற்கு முன் கட்டாயம் கேட்க வேண்டும்.

நாளைக்கு உழவர் சந்தைக்கு நான் எடுத்துப் போகிற சீட்டு, நாலு பேருக்கு மூன்று நாள் கணக்கு: அவரைக்காய் முக்கால் கிலோ, பீர்க்கங்காய் ஒரு கிலோ, சுரைக்காய் ஒன்று, கத்தரிக்காய் அரைக் கிலோ, கீரை ஐந்து கட்டு, சின்ன வெங்காயம் ஒரு கிலோ, கொய்யா ஒன்றரைக் கிலோ. அடியில் மாமா தன் கையெழுத்தில் ஒன்று சேர்த்திருக்கிறார்: கொள்ளு அரைக் கிலோ.