ஊர் வேலையை முன்னின்று நடத்தப் பழகுவது எப்படி

கன்னியாகுமரி மாவட்டம் குருந்தன்கோடு ஒன்றியத்தில் ஒரு சின்ன ஊரில் தையல் கடை வைத்திருக்கிறேன். எந்தப் பதவியிலும் இருந்ததில்லை, தேர்தலில் நின்றதும் இல்லை. ஆனாலும் ஏழெட்டு வருடமாக ஊரில் ஏதாவது பொது வேலை என்றால் "தையல்கடை அக்காகிட்ட ஒரு வார்த்தை கேளு" என்கிறார்கள். போன மாதம் கல்லூரியில் படிக்கிற இரண்டு பிள்ளைகள் கடைக்கு வந்து, "அக்கா, நாங்களும் ஊருக்கு ஏதாவது செய்யணும், எங்க தொடங்குறது?" என்று கேட்டார்கள். அளவெடுத்துக்கொண்டே அரைமணி நேரம் சொன்னேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

மேடையில் பேசிப் பழகினால் தலைமைப் பண்பு வரும் என்று பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொன்னார்கள். பேசத் தெரிந்தால் நல்லதுதான். ஆனால் ஊர்க்காரர்கள் நம்மிடம் கவனிப்பது வேறு. எடுத்த வேலையைக் கணக்கு ஒப்படைக்கிற வரை கூட நின்று முடிப்பாளா? அவ்வளவுதான் அவர்கள் கேள்வி. அதனால் முதல் வேலையை, முடிகிற வேலையாக எடுங்கள். "ஊரைச் சுத்தமாக்குவோம்" என்பதற்கு முடிவே கிடையாது. "குருசடியிலிருந்து பெரிய மடை வரை சானலில் கிடக்கும் மண்ணையும் புல்லையும் மே மாதம் முடிவதற்குள் எடுப்போம்" (பாசன வாய்க்காலைத்தான் சானல் என்போம், குருசடி என்பது தெருவோரச் சிலுவைக் கோயில்) என்றால் தொடக்கம் தெரியும், முடிவும் தெரியும். அது முடிந்ததா இல்லையா என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட பார்த்துச் சொல்லிவிடும்.

எனக்கு இது ஒக்கிப் புயலில் தொடங்கியது. 2017 நவம்பர் 30-ஆம் தேதி அடித்த காற்றில் எங்கள் தெருவில் மட்டும் ஆறு தென்னை, இரண்டு பலா, ஒரு பெரிய அயனி சாய்ந்தன. மின்கம்பங்கள் போய்விட்டன. பதினொரு நாள் கரண்ட் இல்லை. மோட்டார் ஓடாததால் குடிக்கத் தண்ணீர் இல்லை. நாலு தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்தார்கள். யார் எவ்வளவு கொடுத்தார்கள், டீசல் எவ்வளவு, எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் என்று யாராவது எழுத வேண்டுமே. என் அளவு நோட்டின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். இரண்டாவது நாள் சண்டை வந்தபோது, நோட்டைத் திறந்து வாசித்தேன், சண்டை நின்றது. நோட்டை யார் ஒழுங்காக எழுதுகிறார்களோ அவர்களிடம் ஊர் வந்து கேட்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். உங்களுக்கும் இதுவே நல்ல தொடக்கம். ஏற்கெனவே நடக்கிற ஒரு வேலையில், கோயில் கொடைத் திருவிழாவோ, ஆலயத்து அன்பியக் குழுவோ, சுயஉதவிக் குழுவோ, படிப்பகமோ எதுவாக இருந்தாலும், கணக்கு எழுதுகிற பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். போட்டிக்கு யாரும் வர மாட்டார்கள்.

அடுத்து, நான் சொந்தமாக எடுத்த வேலையைப் பற்றிச் சொல்கிறேன்.

பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் தண்ணீர் புத்தன் அணைக்கு வந்து, அங்கிருந்து சானல் சானலாகப் பிரிந்து வருகிறது. கன்னிப்பூ என்கிற முதல் போக நெல் சாகுபடிக்கு வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் திறப்பார்கள். நாங்கள் இருப்பது தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைவரம்பில். பேச்சிப்பாறை அணையைக் கட்டி முடித்தது 1906-இல். நூறு வருடத்துக்கு மேலாகத் தண்ணீர் வருகிற வழிதான், ஆனால் ஒக்கியில் விழுந்த மரங்களும் அதற்கப்புறம் சேர்ந்த மண்ணும் எங்கள் கிளைச் சானலை அடைத்துவிட்டன. மேலே திறந்த தண்ணீர் எங்களுக்கு வந்து சேரவில்லை. வயல்காரர்களுக்கு மட்டுமா நஷ்டம்? சானல் ஓடினால்தான் சுற்றியிருக்கிற கிணறுகளில் தண்ணீர் நிற்கும்.

2018 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு எல்லோரும் வர வேண்டும் என்று மைக் கட்டி அறிவித்தோம். அறுபது பேர் தலையாட்டினார்கள். வந்தது நாலு பேர், அதில் ஒருவர் என் வீட்டுக்காரர். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஊர்க்காரர்கள் மேல் கோபம் வந்தது. மறுநாள் யோசித்துப் பார்த்தால் தப்பு என்னுடையது. பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன்பே ரப்பர் தோட்டத்துக்குப் போனால் பத்து மணிக்குத்தான் திரும்புவார்கள். ஊரில் பாதிப் பேருக்கு ஞாயிறு காலை ஆலயம். கொத்தனார் வேலைக்குப் போகிறவர்களுக்கு வாரத்தில் அந்த ஒருநாள்தான் ஓய்வு. நான் யாரிடமும் கேட்காமல் எனக்கு வசதியான நேரத்தைச் சொல்லியிருந்தேன்.

அதனால் நேரம் குறிக்கும் முன் ஊரின் ஒரு வாரத்தைத் தாளில் எழுதுங்கள். யார் எப்போது எங்கே இருப்பார்கள், எந்தத் தேதியில் கல்யாணம், எந்த வாரம் கொடை, எப்போது பரீட்சை. எங்களுக்கு ஒத்து வந்தது ஞாயிறு மதியம் இரண்டரையிலிருந்து ஐந்தரை. உங்கள் ஊருக்கு வேறாக இருக்கும். கடற்கரை ஊர் என்றால் கடலுக்குப் போகாத நாளைக் கேட்டுத்தான் குறிக்க வேண்டும்.

இரண்டாவது தடவை மைக் வைக்கவில்லை. வீடு வீடாகப் போனேன். "எல்லாரும் வாங்க" என்றால் யாரும் வர மாட்டார்கள். "மாமா, உங்ககிட்ட நல்ல வெட்டுக்கத்தி இருக்கு, குருசடி பக்கம் அந்த முள்ளுப் பத்தையை வெட்டித் தர நீங்கதான் வரணும்" என்றால் வருவார். பேரும் வேலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மைனி (அண்ணி) ஒருத்தியிடம் கட்டன் சாயா போடுகிற பொறுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் மம்பட்டிகளை எண்ணி வாங்கித் திருப்பிக் கொடுக்கிற பொறுப்பு. நாற்பத்தி மூன்று வீடு ஏறினேன், முப்பத்தொரு பேர் வந்தார்கள். இதற்கு நாலு சாயங்காலம் ஆனது. தையல் கொஞ்சம் தேங்கியது. அந்த நாலு சாயங்காலத்தை மிச்சப்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் கட்டைவிரல் மட்டும்தான் வரும்.

ஆள் திரட்டும் முன் வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் ஊரில் எண்பது தாண்டிய ஒரு பாட்டா இருந்தார், பழைய காலத்தில் மடை பார்த்தவர். அவரைக் கூட்டிக்கொண்டு சானல் கரையில் கடைசி வரை நடந்தேன். தண்ணீர் தேங்கி நின்ற இடத்தையெல்லாம் நான் போட்டோ எடுத்தேன். அவர் சொன்னார், "மக்கா, தண்ணி நிக்குத எடத்தப் பாக்காண்டாம். அது எங்க மடங்குதுன்னு பாரு." கீழே அடைப்பு இருந்தால் மேலேதான் தேங்கும். மேலே எவ்வளவு வாரினாலும் பலன் இல்லை, கீழிருந்து மேலே வர வேண்டும். இது தெரியாமல் முப்பது பேரை இறக்கியிருந்தால் ஒருநாள் உழைப்பும் வீண், அடுத்த தடவை கூப்பிட்டால் வந்திருக்கவும் மாட்டார்கள். எந்த வேலை எடுத்தாலும் அதில் கை நனைத்த ஒருவரோடு முதலில் நடந்து பாருங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். வேலை நாளில், "பாட்டா சொன்னாங்க" என்று அவர் பேரைச் சொல்லியே செய்யுங்கள்.

சானலும் குளமும் அரசு சொத்து என்பதை மறக்கக் கூடாது. நீர்வளத்துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, எந்த நாள், எந்த இடம், எத்தனை பேர் என்று சொன்ன பிறகே இறங்கினோம். எடுத்த மண்ணை அனுமதி இல்லாமல் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகக் கூடாது, கரையைப் பலப்படுத்தவே அது வேண்டும். காலில் புண் இருப்பவர்களை அழுக்குத் தண்ணீரில் இறக்காதீர்கள், எலிக்காய்ச்சல் வரலாம். அவர்களுக்குக் கரை மேல் வேலை கொடுங்கள். புல்லுக்குள் பாம்பு இருக்கும், கையை விடும் முன் கம்பால் தட்ட வேண்டும். சின்னப் பிள்ளைகள் கரையோடு நிற்கட்டும். இதையெல்லாம் வேலை தொடங்கும் முன் இரண்டு நிமிடத்தில் சத்தமாகச் சொல்லிவிடுங்கள். யாருக்காவது அடிபட்டால் முதலில் ஓட வேண்டியது நீங்கள்தான்.

மனுஷர்களோடு வருகிற சிக்கல்தான் பெரிது. எங்களுக்கு மேலே ஒரு பெரியவர் கயிறு திரிப்பதற்காகக் கதம்பையை (தேங்காய் மட்டையை) சானலில் ஊறப் போட்டிருந்தார். பாதித் தண்ணீர் அங்கேயே நின்றது. வந்திருந்த பையன்களுக்குக் கோபம், எல்லாவற்றையும் வாரிக் கரையில் எறியப் போனார்கள். நான் விடவில்லை. அன்று அந்தப் பகுதியை மட்டும் தொடாமல் விட்டோம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவருடைய மச்சினரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பத்துப் பேர் முன்னால் கேட்டால் அவர் மானத்துக்காகவே மறுத்திருப்பார். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "பெரியப்பா, கதம்பையை எடுத்துட்டா உங்க வேலைக்கு என்ன வழி?" என்றுதான் கேட்டேன். பக்கத்தில் தூர்ந்து கிடந்த சின்னக் குழி ஒன்றைத் தோண்டிக் கொடுத்தால் அங்கே போட்டுக்கொள்வதாகச் சொன்னார். அடுத்த ஞாயிறு, எறியப் போன அதே பையன்கள்தான் அந்தக் குழியை வெட்டினார்கள். எல்லா வழக்கும் இப்படி முடியாது. சானல் ஓரம் சுவர் கட்டிய ஒருவரிடம் மூன்று தடவை போயும் நடக்கவில்லை. அது மனுவில்தான் முடிய வேண்டியது.

மனு எழுதுவதையும் பழகுங்கள். ஒரு மனுவில் ஒரே விஷயம். எந்த இடம், எத்தனை வீட்டுக்கு என்ன கஷ்டம், என்ன செய்து தர வேண்டும், அவ்வளவு போதும். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். ஒரு அலுவலகத்தில் என் மனுவை வாங்கவே மறுத்தார்கள். சண்டை போடாமல் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை நோட்டில் ஒட்டினேன். திங்கள்கிழமை நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுக்கலாம். பதில் வராவிட்டால் 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

உங்கள் ஊர் ஊராட்சியாக இருந்தால் கிராம சபையை விடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். (நவம்பர் 1 நமக்கு இன்னொரு வகையிலும் பெரிய நாள், 1956-இல் குமரி தமிழகத்தோடு இணைந்தது அன்றுதான்.) 3,001 முதல் 10,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 200 பேர் வந்திருக்க வேண்டும். தனியாகப் போகாமல் பத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். சொல்ல வேண்டியதை இரண்டு நிமிடத்தில் சொல்லி, தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டார்களா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். எனக்கு முதல் தடவை குரல் நடுங்கியது. பேப்பரைப் பார்த்தே வாசித்தேன், யாரும் குறை சொல்லவில்லை. பேரூராட்சியில் கிராம சபை கிடையாது, அங்கே வார்டு கவுன்சிலரைப் பிடிக்க வேண்டும்.

கணக்கைப் பற்றி மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல மனதோடு இறங்கியவர்கள் பலர் இங்கேதான் பேர் கெட்டுப் போனார்கள். பணம் ஒருவர் கையில், நோட்டு இன்னொருவர் கையில் இருக்கட்டும். வேலை முடிந்த மூன்றாம் நாளுக்குள் வரவு செலவை எழுதி ஊர் பார்க்கிற இடத்தில் ஒட்டுங்கள். நாங்கள் ஒட்டியது சாயாக்கடைச் சுவரில். முதல் வருடம் ஜேசிபி வாடகை, டீசல், கயிறு, கஞ்சி, பயறு எல்லாம் எழுதிய பிறகு 340 ரூபாய் எங்கே போனது என்று தெரியவில்லை. என் கையிலிருந்து போட்டுச் சரிக்கட்டிவிடலாம் என்று தோன்றியது. அப்படிச் செய்யாமல் "340 ரூபாய்க்குக் கணக்கு கிடைக்கவில்லை" என்றே எழுதி ஒட்டினேன். மறுநாள் ஒரு அண்ணன் கடைக்கு வந்து, மடைப் பலகைக்கு ஆணியும் கம்பியும் வாங்கிய பில்லை நீட்டினார். சட்டைப்பையிலேயே மறந்து வைத்திருந்தாராம். அடுத்த வருடம் நான் வீடு ஏறும் முன்பே பணம் வந்தது.

கடைசியாக, பொறுப்பைக் கைமாற்றுவது. இரண்டு வருடம் ஒருவரே செய்தால் மூன்றாவது வருடம் அவர் இல்லாமல் வேலை நடக்காது. முதல் நாளிலிருந்தே ஒரு இளையவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள், அலுவலகத்துக்கும் கூட்டிப் போங்கள், போன் நம்பர்கள் அவரிடமும் இருக்கட்டும். நான்காம் வருடம் பக்கத்துத் தெருப் பிள்ளையிடம் கொடுத்தேன். அவள் நேரத்தைச் சனிக்கிழமை சாயங்காலத்துக்கு மாற்றினாள். எனக்கு ஒப்பவில்லை, நாக்கு நுனி வரை வார்த்தை வந்தது. பேசாமல் இருந்தேன். எனக்கு வராத பெண்கள் பதினான்கு பேர் அவளுக்கு வந்தார்கள்.

கொடுக்கும்போது எண்ணிக் கொடுங்கள். நான் கொடுத்தது மம்பட்டி ஒன்பது, கடவம் (ஓலைக்கூடை) பன்னிரண்டு, கயிறு இரண்டு சுருள், மனுப் பிரதிகள் ஒரு ஃபைல், நோட்டு மூன்று, ஷெட் சாவி ஒன்று. அவள் எண்ணிப் பார்த்துவிட்டு, "அக்கா, மம்பட்டி எட்டுதான் இருக்கு" என்றாள். ஒன்பதாவதைத் தேடி அவளும் நானும் நாலு வீடு ஏறினோம்.