கேஸ் அடுப்பும் ஓவனும்: வீட்டில் பாதுகாப்பாகக் கையாளும் முறை

வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டருக்குள் புரப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை, அழுத்தத்தால் நீர்ம நிலையில் அடைக்கப்பட்டிருக்கிறது. அதில் ஒரு லிட்டர் வெளியேறினால் ஏறத்தாழ 250 லிட்டர் வாயுவாக விரியும். அந்த வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது என்பதால், கசிந்தவுடன் தரைக்கு இறங்கி, மேடைக்கு அடியிலும் அலமாரிக்குள்ளும் கழிவுநீர்க் குழாயின் வாயிலும் தேங்கி நிற்கிறது. கேஸ் அடுப்புக்குச் சொல்லப்படும் விதிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு செய்தியிலிருந்தே பிறக்கின்றன.

காற்றில் இவ்வாயு சுமார் 2 விழுக்காடு கலந்தாலே தீப்பற்றும் நிலை வந்துவிடும். நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 மீட்டர் உள்ள ஒரு சமையலறை முழுவதும் அந்த நிலையை எட்ட ஒன்றேகால் கிலோ வாயு போதும்; தரையோரம் அடர்ந்து தங்குவதால் நடைமுறையில் அதைவிடக் குறைந்த அளவே ஆபத்தை உண்டாக்கும். சுவரின் உச்சியில் சுழலும் எக்ஸாஸ்ட் விசிறி புகையையும் தாளிப்பு நெடியையும் வெளியேற்றுமே தவிர, காலடியில் தேங்கும் வாயுவை அகற்ற உதவாது.

சிலிண்டரைச் சமதளத் தரையில் நிமிர்த்தியே வைக்க வேண்டும். படுக்க வைத்தால் நீர்ம நிலையிலேயே எரிபொருள் ரெகுலேட்டருக்குள் நுழைந்துவிடும். அடுப்பு சிலிண்டரைவிட உயரமான மேடையில் இருக்க வேண்டும். சிலிண்டரை முழுவதுமாக மறைத்து மூடும் அலமாரிகள் இப்போது பரவலாகிவிட்டன. பார்வைக்கு அழகாக இருந்தாலும் அவை நல்ல ஏற்பாடு என்று எனக்குத் தோன்றவில்லை. அப்படித்தான் வேண்டுமென்றால், கதவின் அடிப்பகுதியில் காற்றுத் துளைகள் கட்டாயம் இருக்க வேண்டும்; ரெகுலேட்டரைக் குனிந்து தேடாமல் கைக்கு எட்டும்படியும் அமைக்க வேண்டும். பூசை அலமாரி சமையலறையிலேயே இருக்கும் வீடுகளில், விளக்கும் ஊதுபத்தியும் எரியும் இடத்துக்கும் சிலிண்டருக்கும் இடையே இயன்ற அளவு தூரம் விட வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் உள்ளே மின்பொறி எழக்கூடும் என்பதால் அதற்கும் இதே விதிதான்.

குழாய் வழியே இயற்கை எரிவாயு பெறும் வீடுகளுக்கு மேற்கூறியவை அப்படியே பொருந்தா. அது பெரும்பாலும் மீத்தேன், காற்றைவிட இலேசானது, கசிந்தால் மேலே ஏறும். சிலிண்டருக்கென்று வாங்கிய அடுப்பை, ஜெட்டை (பர்னருக்குள் வாயுவைச் செலுத்தும் சிறு துளையுள்ள பாகத்தை) மாற்றாமல் அந்த இணைப்பில் பொருத்தக் கூடாது.

சிலிண்டரும் இரப்பர்க் குழாயும்

சிலிண்டர் வந்தவுடன் முத்திரை பிரிக்கப்படாமல் இருக்கிறதா என்று பார்த்து, எடை போட்டுக் காட்டச் சொல்லலாம். சிலிண்டரின் மேல் பொறித்திருக்கும் வெற்று எடையுடன் 14.2 கிலோவைக் கூட்டினால் வர வேண்டிய மொத்த எடை கிடைக்கும். கைப்பிடி வளையத்தைத் தாங்கும் தகடுகளில் ஒன்றின் உட்புறம் ஓர் ஆங்கில எழுத்தும் ஈரிலக்க எண்ணும் எழுதப்பட்டிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. அந்தச் சிலிண்டரை அடுத்த சோதனைக்கு அனுப்ப வேண்டிய காலம் அது. ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி என்றால் ஜூன் வரை, சி என்றால் செப்டம்பர் வரை, டி என்றால் டிசம்பர் வரை. ‘டி 27’ என்று இருந்தால் 2027 டிசம்பருக்குள் சோதனைக்குப் போக வேண்டும் என்பது பொருள். அக்காலம் கடந்திருந்தால் திருப்பி அனுப்பிவிட்டு வேறொன்று கேளுங்கள்.

மூடியைக் கழற்றுவதற்கு முன் அறையில் எந்தத் தீயும் எரியக் கூடாது. பூசை விளக்கையும் குளிரவைத்துவிட வேண்டும். வால்வின் வாய்க்குள் கறுப்பு இரப்பர் வளையம் இருக்கிறதா, கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தச் சின்னஞ்சிறு வளையம் இல்லாவிட்டால் ரெகுலேட்டர் எவ்வளவு சரியாக உட்கார்ந்தாலும் வாயு கசியும். கழற்றிய மூடியை நூலோடு சிலிண்டரிலேயே தொங்கவிடுங்கள். கசிவு ஏற்பட்டால் முதலில் தேவைப்படுவது அதுதான்.

குழாயைப் பொறுத்தவரை, ஐஎஸ்ஐ முத்திரையுடன் உள்ளே எஃகுக் கம்பி வலை கொண்ட ஆரஞ்சு நிறக் குழாயே ஏற்றது. சாதாரண இரப்பரை எலி எளிதில் கடித்துவிடும். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, வெடிப்பு தெரிந்தால் அதற்கு முன்பே, குழாயை மாற்றிவிட வேண்டும். அழுக்காகாமல் இருக்க அதன்மேல் துணியோ பிளாஸ்டிக் உறையோ சுற்றிவைப்பது விரிசலை மறைப்பதில்தான் முடியும். அடுப்பின் பின்புறம் பர்னரின் சூடு படும்படியும் குழாய் செல்லக் கூடாது. கசிவைச் சோதிக்கச் சோப்பு நீரை இணைப்புகளில் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். தீக்குச்சியைக் காட்டிச் சோதிக்கும் பழக்கம் இன்றும் சில இடங்களில் இருக்கிறது. அதை யார் செய்தாலும், அனுபவமுள்ளவரே ஆனாலும், தடுத்துவிடுங்கள்.

இரவு சமையல் முடிந்ததும் அடுப்பின் குமிழை மட்டும் திருகிவிட்டுப் படுக்கப் போவதே பெரும்பாலான வீடுகளின் வழக்கம். அப்போது குழாய் முழுவதும் வாயு நிறைந்தே இருக்கிறது. எங்காவது சிறு விரிசல் இருந்தால், கதவும் சன்னலும் சாத்திய வீட்டில் விடியும்வரை கசிந்துகொண்டிருக்கும். ரெகுலேட்டரையும் மூடுவதற்கு ஒரு நொடிதான் ஆகும். இக்கட்டுரையிலுள்ள அனைத்திலும் ஒன்றை மட்டுமே கடைப்பிடிப்பேன் என்று ஒருவர் சொன்னால், நான் இதையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

கேஸ் வாடை வந்தால்

இயல்பில் இவ்வாயுவுக்கு மணமில்லை. கசிவை உணர்த்துவதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றமுள்ள பொருளைச் சேர்க்கிறார்கள். வாடை தெரிந்தவுடன் விளக்கைப் போடவோ, எரிகிற விளக்கை அணைக்கவோ, விசிறியைச் சுழலவிடவோ கூடாது. எந்த மின்சுவிட்சைத் தொட்டாலும் பொறி எழக்கூடும். இருட்டாக இருந்தாலும் அப்படியே சென்று ரெகுலேட்டரை மூடி, கதவு, சன்னல்கள் அனைத்தையும் திறந்து, வீட்டிலுள்ளோரை வெளியே அனுப்ப வேண்டும். ரெகுலேட்டரைக் கழற்றி மூடியைப் போட்ட பிறகும் கசிந்தால், இயலுமானால் சிலிண்டரைத் திறந்த வெளிக்குக் கொண்டு செல்லலாம். கைப்பேசியை வீட்டுக்கு வெளியே வந்த பிறகே எடுக்க வேண்டும். எரிவாயுக் கசிவுக்கான அவசர உதவி எண் 1906, எந்நேரமும் இயங்குவது. தீ பிடித்துவிட்டால் 101. பக்கத்து வீட்டாரை எச்சரிக்க அழைப்பு மணியை அழுத்தாமல் குரல் கொடுத்துக் கூப்பிடுங்கள்.

மூப்பினாலோ சளியினாலோ மோப்பம் குறைந்தவர்கள் தனியே வாழும் வீட்டில் கசிவுணரும் கருவி ஒன்றைப் பொருத்துவது நல்லது. சிலிண்டர் வாயுவுக்கான கருவியைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குள் பொருத்த வேண்டும். புகையுணரும் கருவியைப் போல உச்சியில் பொருத்தினால் அது தாமதமாகவே ஒலிக்கும்.

அடுப்பை எரிக்கும்போது

குமிழைத் திருகிவிட்டு லைட்டரைத் தேடுவது தவறு. லைட்டரைப் பர்னரின் அருகே பிடித்துக்கொண்டு பிறகு திருக வேண்டும். ஓரிரு முறை தட்டியும் பற்றவில்லை என்றால் உடனே மூடி, வெளியேறிய வாயு கலைந்து போகச் சற்று நேரம் விட்டு மீண்டும் முயல வேண்டும். சுடர் நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியில் கரி படிந்தால், பர்னரின் துளைகள் அடைபட்டிருக்கலாம் அல்லது காற்று போதுமான அளவு கலக்காமல் இருக்கலாம். அவ்வாறு அரைகுறையாக எரியும்போது மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது என்பதால், துளைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்வதோடு, சமைக்கும்போது ஒரு சன்னலாவது திறந்திருப்பதை உறுதிசெய்ய வேண்டும்.

பால் பொங்கித் தீயை அணைத்துவிட்டால், குமிழ் திறந்தபடியே இருக்க, வாயு வெளியேறிக்கொண்டே இருக்கும். சுடர் அணைந்ததும் தானே வாயுவை நிறுத்தும் அமைப்புள்ள அடுப்புகள் விற்கின்றன. புதிதாக வாங்குவோர் இதைக் கேட்டு வாங்கலாம். கண்ணாடி மேற்பரப்புள்ள அடுப்பில், சூடு ஆறுவதற்கு முன் ஈரத்துணியால் துடைப்பதும், இறக்கிய வாணலியை நேரே கண்ணாடியின் மேல் வைப்பதும் அதை நொறுக்கிவிடக்கூடும்.

உடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நைலான், பாலியெஸ்டர் துணிகள் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி ஒட்டாது என்றாலும் அதுவும் எரியும். ஆகவே முந்தானையையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகிக்கொண்டே அடுப்பருகே செல்ல வேண்டும். பின் பர்னரில் இருப்பதை எட்டி எடுக்க முன் பர்னரின் மேல் கை நீட்டுவதுதான் உடை பற்றுவதற்கு வழக்கமான காரணம். பற்றிவிட்டால் ஓடக் கூடாது. தரையில் படுத்து உருள வேண்டும், அருகிலுள்ளவர் கனத்த கம்பளியால் போர்த்தி அணைக்க வேண்டும்.

எண்ணெயும் குக்கரும்

முறுக்கும் அதிரசமும் சுடும் தீபாவளிக் காலத்தில் வாணலியில் லிட்டர் கணக்கில் எண்ணெய் காயும். எண்ணெய் சூடேறும்போது முதலில் மெல்லிய புகை தெரியும். அதன் பிறகும் தீயைக் குறைக்காவிட்டால், சுடர் படாமலேயே எண்ணெய் தானாகப் பற்றிக்கொள்ளும் வெப்பநிலையை நோக்கிப் போகும். எனவே புகை கண்டவுடன் அடுப்பை அணைத்துவிட வேண்டும். எண்ணெய் காயும்போது தொலைபேசி ஒலித்தாலும் வாசலில் யாரேனும் அழைத்தாலும், தீயை நிறுத்தாமல் அவ்விடத்தை விட்டு நகரக் கூடாது. வாணலியில் பாதிக்குமேல் எண்ணெய் ஊற்றாமலும், காயாத மோர் மிளகாயையோ நீர் சொட்டும் காய்களையோ போடாமலும் இருந்தால் தெறிப்பது பெரிதும் குறையும்.

வாணலி தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றுவதே மிகக் கொடிய தவறு. எண்ணெயைவிட அடர்த்தியான தண்ணீர் அடியில் இறங்கி, அந்தச் சூட்டில் நொடியில் ஆவியாகி, 1600 மடங்குக்கு மேல் விரிந்து, எரியும் எண்ணெயைக் கூரைவரை வீசியெறியும். செய்ய வேண்டியது எளிது: கை எட்டினால் அடுப்பை அணைத்து, வாணலியைவிட அகலமான தட்டையோ மூடியையோ பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூடிவிட வேண்டும். காற்றில்லாமல் தீ அடங்கும். அடங்கியதாகத் தெரிந்தாலும் எண்ணெய் நன்றாக ஆறும்வரை மூடியைத் திறக்கக் கூடாது; சூடான எண்ணெய் காற்றுப் பட்டவுடன் மறுபடியும் பற்றும். எரியும் வாணலியை வெளியே தூக்கிக்கொண்டு ஓடுவோர் தம் கால்களிலேயே அதைக் கொட்டிக்கொள்கிறார்கள். பலகாரம் சுடும் நாளில் இத்தகைய மூடி ஒன்றைத் தொடக்கத்திலேயே எடுத்து மேடையில் வைத்துக்கொள்வது நல்லது.

குக்கரில் பருப்பும் அரிசியும் வேகும்போது நுரைத்துப் பொங்கி ஆவித்துளையை அடைக்கும் என்பதால் பாதிக்குமேல் நிரப்பக் கூடாது. வெயிட்டைப் போடுவதற்கு முன் துளை வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்து, ஆவி சீராக வந்த பிறகே போட வேண்டும். வெகு நேரமாகியும் விசில் வரவில்லையென்றால், தீயைக் கூட்டாமல் அடுப்பை அணைத்துவிட்டுக் காரணம் தேடுங்கள். பாதுகாப்பு வால்வு உருகிவிட்டால் அதே நிறுவனத்தின் வால்வையே வாங்கிப் போட வேண்டும். தெருமுனைக் கடையில் கிடைக்கும் மலிவான மாற்று, உருக வேண்டிய நேரத்தில் உருகாமல் போகலாம்.

மின் ஓவன்

கேக் சுடவும் ரொட்டி சுடவும் நம் வீடுகளில் வாங்கப்படும் ஓடிஜி (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த) ஓவன்கள் 1200 முதல் 2000 வாட் வரை மின்சாரம் இழுப்பவை. இதற்கு எர்த் இணைப்புள்ள 16 ஆம்பியர் சாக்கெட் தேவை. எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகுவதும், அதே பெட்டியில் மிக்சியையும் சேர்ப்பதும் கம்பியைச் சூடேற்றி உருக்கிவிடும். பயன்படுத்திய பின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள்; அது சூடாக இருந்தால் சாக்கெட்டில் கோளாறு என்று பொருள். ஓவனின் பக்கங்களிலும் மேலேயும் பின்னும் ஒரு கையகல இடைவெளியாவது விட்டு, திரைச்சீலையும் பிளாஸ்டிக் டப்பாக்களும் அண்டாமல் வைக்க வேண்டும். அதன் தலையில் தட்டு அடுக்கும் வழக்கம் வேண்டாம். உள்ளே விரிக்கும் பட்டர் பேப்பர் தட்டுக்கு வெளியே நீண்டு கம்பிச்சுருளைத் தொட்டால் எரியத் தொடங்கும்.

தட்டை எடுக்கும்போது உலர்ந்த, தடித்த கையுறையே வேண்டும். ஈரத்துணி சூட்டை வேகமாகக் கடத்துவதோடு, அதிலுள்ள நீரே ஆவியாகி விரல்களைச் சுட்டுவிடும். கதவைத் திறக்கும்போது முகத்தை விலக்கிக்கொண்டால் வெப்பக்காற்று தாக்காது. குழந்தைகள் தொடும் உயரத்தில் ஓவனின் கண்ணாடிக் கதவு இருந்தால், ஓவன் அணைந்து நெடுநேரம் வரை அது சுடும் என்பதை அவர்களுக்குச் சொல்லி வைக்க வேண்டும். உள்ளே தீப்பற்றினால் கதவைத் திறக்காமல் மின்சாரத்தை மட்டும் நிறுத்துங்கள். மைக்ரோவேவ் ஓவனுக்கோ விதிகள் வேறு: எவர்சில்வர் பாத்திரம், ஓட்டோடு முட்டை, இறுக மூடிய டப்பா ஆகியவற்றை உள்ளே வைக்கக் கூடாது.

சுட்டுக்கொண்டால்

இட்லி மாவு, பேனா மை, பற்பசை, வெண்ணெய் ஆகியவற்றைப் பூசும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவை புண்ணில் கிருமி சேர வழிவகுக்கும். மருத்துவர் காயத்தின் ஆழத்தைப் பார்க்கவும் இடையூறாகும். காயத்தைக் குழாய் நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும், பனிக்கட்டி வேண்டாம். வீக்கம் வருவதற்கு முன் மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிடுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்கவோ, கொப்புளத்தை உடைக்கவோ கூடாது. முகம், கை, மூட்டு ஆகிய இடங்களில் பட்ட காயத்தையும், உள்ளங்கையைவிடப் பெரிய காயத்தையும், குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் ஏற்பட்ட எந்தத் தீக்காயத்தையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்சை அழைக்கலாம். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயங்களுக்கெனத் தனிப் பிரிவு இயங்குகிறது. போகும் வழியில் காயத்தைச் சுத்தமான, பஞ்சு ஒட்டாத துணியால் தளர்வாக மூடி வைத்தால் போதும்.