சரித்திர மர்ம நாவலுக்கு நாள்பதிவேடு போடுவது எப்படி?

குடும்ப நாவலில் அத்தை புதன்கிழமை ஊருக்குக் கிளம்பி, அடுத்த அத்தியாயத்தில் "செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டேன்" என்று சொன்னால் வாசகர் சிரித்துவிட்டு மேலே படிப்பார். மர்ம நாவலில் அதே பிழை துப்பாகிவிடும். அத்தை பொய் சொல்கிறாள், அவள்தான் கொலையாளி என்று அவர் முடிவு கட்டிவிடுவார். கடைசியில் அது வெறும் கவனக்குறைவு என்று தெரிந்தால் அந்த ஆசிரியரின் அடுத்த புத்தகத்தை வாங்க மாட்டார். இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு: ஆசிரியர் வேண்டுமென்றே வைத்த முரணை எடிட்டர் திருத்திவிட்டால் துப்பே காணாமல் போய்விடும்.

அதனால் சரித்திர மர்ம நாவல் கைக்கு வந்தால், ஒரு ஒற்றுப்பிழையைத் தொடுவதற்கு முன்பே நான் நாள்பதிவேடு, அதாவது எது எப்போது நடந்தது என்று காட்சி வாரியாகக் குறிக்கும் பட்டியல், போட்டுவிடுகிறேன். ஃப்ரீலான்ஸாகப் பிரதிச் செம்மையாக்கம் (காப்பி எடிட்டிங்) செய்யத் தொடங்குகிறவர்களுக்கு அதைப் படிப்படியாகச் சொல்கிறேன். சந்தி விதிகளும், திருத்தங்களைத் தடம் காட்டும் வசதியும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: எழுத்துருவைச் சீராக்குதல்

பலரும் தாண்டிப் போகும் படி இது. என்னை ஒரு வாரம் திண்டாட வைத்ததும் இதுதான்.

மூத்த எழுத்தாளர்கள் பலர் இன்னும் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்கிறார்கள். அதை யூனிகோடுக்கு மாற்றியதும் திரையில் எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் "கோமளா" என்று தேடினால் பாதி இடங்கள்தான் கிடைக்கும். மீதி இடங்களில் "கோ" என்பது ஒற்றைக் குறியாக இல்லாமல் கொம்பும் காலும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. பல செயலிகளின் தேடல் மட்டும் இரண்டையும் வேறு வேறாக எண்ணும். கோமளா எந்தெந்தக் காட்சியில் இருந்தாள் என்று தேடிப் பட்டியல் போடுகிறவருக்கு இது பெரிய பள்ளம். கொலை நடந்த அறையில் அவள் இருந்ததே உங்கள் பட்டியலில் வராமல் போகலாம்.

கண்டுபிடிக்க எளிய வழி: எழுத்தின் பின்னால் கர்சரை வைத்துப் பின்நகர்த்தும் விசையை ஒரு முறை அழுத்துங்கள். "க" மிஞ்சினால் நல்ல எழுத்து. "கே" மிஞ்சினால் பிரிந்த எழுத்து. பிரிந்ததை நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டி, புதிதாகத் தட்டச்சு செய்த எழுத்தால் மொத்தமாக மாற்றுங்கள். கொ, கோ வரிசைகள் இரண்டிலும் ஒவ்வொரு மெய்க்கும் இதைச் செய்ய வேண்டும். சலிப்பான வேலைதான். கூடவே, "ர்" இருக்க வேண்டிய இடத்தில் காலும் புள்ளியும் சேர்ந்து நிற்பதையும் பாருங்கள்: "அவர்கள்" என்பது "அவா்கள்" என்று இருக்கும். காலுக்கு மேல் புள்ளி வரும் சொல் தமிழில் கிடையாது என்பதால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம்.

படி 2: கை வைக்காத வாசிப்பு

முழு நாவலையும் வாசகராகப் படியுங்கள். யாரைச் சந்தேகித்தீர்கள், எந்தப் பக்கத்தில், ஏன் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். முடிவு தெரிந்த பிறகு இந்தக் குறிப்பை எழுதவே முடியாது.

படி 3: பதிவேடு

இதற்கென்று விற்கும் அலங்காரச் செயலிகள் வேண்டாம். லிப்ரே ஆபீஸ் விரிதாள் போதும். ஒரு காட்சிக்கு ஒரு வரி. நிரல்கள்: அத்தியாயம், தேதியும் கிழமையும், நேரம், இடம், யார் யார், வாசகருக்குச் சொல்லப்படுவது, உண்மையில் நடந்தது. கடைசி இரண்டும் தனித்தனியாக இருப்பதுதான் உயிர்நாடி. அவை முரண்படும் வரியில் காரணம் தெரிந்தால் அது துப்பு. தெரியாவிட்டால் ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

பாத்திரங்களைத் தேடும்போது வேற்றுமை உருபை மறக்காதீர்கள். "மரகதம்" என்று தேடினால் "மரகதத்தை", "மரகதத்திடம்" எல்லாம் தப்பிவிடும். "மரகத" வரைக்கும் போட்டுத் தேடுங்கள்.

படி 4: வானமும் கடிகாரமும்

எனக்கு மிகவும் பிடித்த படி. சென்னையை எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் தாக்கிய 1914 செப்டம்பர் 22 இரவில் கொலை நடப்பதாக ஒரு பிரதி வந்தது. குண்டுகள் விழத் தொடங்கிய ஒன்பதரை மணி வாக்கில், துறைமுகத்தருகே நிலவொளியில் கொலையாளியின் முகத்தைச் சாட்சி பார்த்துவிடுகிறான். காட்சி அழகாகத்தான் இருந்தது. ஆனால் அன்று நிலவு?

ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் ஊரையும் தேதியையும் கொடுத்தால் அன்றைய வானம் வந்துவிடும். அமாவாசை கழிந்து மூன்றாம் நாள். கீற்றுப் பிறை ஒன்பதரைக்கு முன்பே மேற்கில் மறைந்திருந்தது. முகத்தைப் பார்க்க வெளிச்சமே இல்லை. அதே இரவில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தனவே! அந்தத் தீயின் வெளிச்சத்தில் பார்க்கட்டும் என்று குறிப்பு எழுதினேன். புரட்டாசி அமாவாசைக்குப் பின் வரும் ஒன்பது நாள்களில் ஒன்று என்பதால் நவராத்திரியும் நடந்துகொண்டிருந்தது. மயிலாப்பூர் வீடுகளில் கொலு இருந்திருக்கும், பெண்கள் வெற்றிலை பாக்கு வாங்கப் போய்வந்திருப்பார்கள். "அன்று மாலை நான் கொலுவுக்குப் போயிருந்தேன்" என்ற சாக்கு ஒரு பாத்திரத்துக்கு இலவசமாகக் கிடைத்தது. கிழமையையும் சரிபாருங்கள்: அன்று செவ்வாய்.

சோழர் காலக் கதையென்றால் சுவாமிக்கண்ணுப் பிள்ளை தொகுத்த 'இந்தியன் எஃபெமெரிஸ்' என்ற பஞ்சாங்கத் தொகுப்பு கி.பி. 700 முதல் 1799 வரை கைகொடுக்கும். ஸ்டெல்லேரியத்தில் 1582 அக்டோபர் 15-க்கு முந்தைய தேதிகள் இன்றைய நாட்காட்டியில் அல்ல, பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். நாழிகைக் கணக்கையும் பாருங்கள். ஒரு நாழிகை 24 நிமிடம். கும்பகோணத்துப் பக்கமிருந்து ஒரு நாழிகையில் தஞ்சைக்குக் குதிரையில் வந்துசேரும் ஒற்றன், ஏறத்தாழ 40 கிலோமீட்டரை அந்த நேரத்தில் கடந்திருக்க வேண்டும். எந்தக் குதிரையாலும் ஆகாது.

படி 5: பொருள்கள்

இதை எல்லோரும் எழுதிவிட்டார்கள். சோழர் சமையலறையில் மிளகாயும் தக்காளியும் வரக் கூடாது. 1957 ஏப்ரலுக்கு முன் "ஐம்பது பைசா" என்று எழுதக் கூடாது, எட்டணாதான். எழும்பூர் ரயில் நிலையம் 1908-க்குப் பிறகு. சென்னையில் டிராம் 1895 முதல் 1953 வரை. கைரேகையை வைத்துக் கொலையாளியைப் பிடிக்கும் கதை 1880-இல் நடந்தால் சிக்கல். கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு வந்தது 1897-இல்.

படி 6: சட்டம்

முக்கால்வாசி மர்ம நாவல்கள், இன்ஸ்பெக்டர் எதிரில் குற்றவாளி எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வதோடு முடிகின்றன. 2024 வரை நடப்பில் இருந்த 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், பிரிவு 25-இன்படி போலீஸ் அதிகாரியிடம் குற்றம் சாட்டப்பட்டவர் தந்த ஒப்புதலை, அதைத் தந்தவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. வக்கீல் வாசகர் முதலில் பிடிப்பது இதைத்தான். ஒரு மாஜிஸ்திரேட்டையோ, ஒப்புதலைச் சாராத வேறு சாட்சியத்தையோ கொண்டுவரச் சொல்லுங்கள். 1914-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் செஷன்ஸ் விசாரணையில் ஜூரிகளும் இருந்தார்கள். அவர்கள் இல்லாமல் நீதிமன்றக் காட்சியை எழுதினால் அறை பாதி காலியாக இருக்கும்.

படி 7: கேள்விப் பட்டியல்

பிரதியில் எதையும் திருத்தாமல், பதிவேட்டிலிருந்து கேள்விகளை மட்டும் தனியே எடுத்து ஆசிரியருக்கு அனுப்புங்கள். "தவறு" என்ற சொல் வேண்டாம். "14-ஆம் அத்தியாயத்தில் கோமளா கையில் சாவி இருக்கிறது, 11-இல் அதைக் கிணற்றில் போட்டுவிட்டாள். வேண்டுமென்றேவா?" என்று கேட்டால் போதும். அவர் "ஆமாம்" என்றால் அந்த வரியைப் பூட்டி வைத்து, மெய்ப்புத் திருத்துபவருக்கும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் நல்லெண்ணத்தோடு சாவியை எடுத்துவிடுவார். மொழித் திருத்தம் இதற்குப் பிறகுதான்.

பிற்சேர்க்கை: நள்ளிரவு தாண்டி நடக்கும் காட்சிக்கு எந்தத் தேதி போடுவது என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான சிக்கல். பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. புதன் அதிகாலை ஒரு மணிக்கு நடந்த கொலையைக் கிராமத்துச் சாட்சி "செவ்வாய் ராத்திரி" என்றுதான் சொல்வார். இன்ஸ்பெக்டர் புதன் என்று எழுதுவார். இருவரும் உண்மையே பேசுகிறார்கள். தேதி நிரலை இரண்டாகப் பிரித்துவிட்டேன்.

இன்னொரு பிற்சேர்க்கை: கல்கத்தாவிலிருந்து வரும் பாத்திரம் இருந்தால் அவர் கைக்கடிகாரத்தையும் கவனியுங்கள். இந்திய நேரம் 1906-இல் வந்த பிறகும் அந்நகரம் 1948 வரை தன் சொந்த நேரத்தையே வைத்திருந்தது. அது சுமார் 23 நிமிடம் முன்னே ஓடும். இது பிழையாகவும் வரலாம், அருமையான துப்பாகவும் வரலாம்.

பதிவேட்டைப் பதிப்பகத்துக்குக் கொடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். கேட்டால் கொடுங்கள். பின்னட்டை வாசகம் எழுதுபவருக்குப் போகும் பிரதியில் மட்டும் "உண்மையில் நடந்தது" என்ற நிரலை நீக்கிவிடுங்கள்.